வாட்ச் காட்டுற கலோரியை நம்பி ரெண்டாவது தோசை கேக்கலாமா?

எங்க அபார்ட்மென்ட் வாக்கிங் குரூப்ல காலைல ஏழு மணி ஆச்சுன்னா போதும், ஸ்க்ரீன்ஷாட்டா கொட்ட ஆரம்பிச்சிடும். ஒருத்தர் 480 கலோரி, இன்னொருத்தர் 612 கலோரி, கூடவே நெருப்பு எமோஜி. போன வாரம் ஒரு தம்பதிக்குள்ள இதை வெச்சு சண்டையே வந்துச்சு. ரெண்டு பேரும் ஒரே மாடல் வாட்ச், ஒண்ணாத்தான் நடந்துட்டு வந்தாங்க, அவருக்கு 310 காட்டுது, அவங்களுக்கு 205 தான். "நான்தானே முன்னாடி போனேன், உங்களுக்காக நின்னு நின்னு வந்தேன், உங்களுக்கு எப்படிங்க நூறு ஜாஸ்தி?"ன்னு அவங்க கேட்டது நியாயமான கேள்விதான். அவர் அவங்களைவிட இருபது கிலோ கூட, அந்த உடம்பைத் தூக்கிட்டு நடக்க எரிபொருள் ஜாஸ்தி வேணும், அதனால அவருக்கு கூட காட்டுறது சரி. ஆனா 310ம் 205ம் சரியான்னு கேட்டா அது வேற கதை.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், கலோரியை அளக்குற சென்சார்னு ஒண்ணு அந்த வாட்சுக்குள்ள கிடையவே கிடையாது. பின்பக்கம் திருப்பிப் பாத்தா பச்சை லைட் மினுக்கும்ல, ரத்தம் பச்சை வெளிச்சத்தை நல்லா உறிஞ்சும், ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டுல ரத்தம் ஏறி இறங்கும்போது திரும்பி வர்ற வெளிச்சமும் கூடிக் குறையும், அதை எண்ணித்தான் ஹார்ட் ரேட் சொல்லுது. கை ஆடுறதைக் கவனிக்க ஒரு ஆக்சிலரோமீட்டர், சிலதுல ஜிபிஎஸ். மிச்சமெல்லாம் நீங்க வாங்கின அன்னிக்கு ஆப்ல போட்ட வயசு, எடை, உயரம், ஆணா பெண்ணா. இவ்ளோதான் அதுக்குத் தெரியும். இதை ஒரு ஃபார்முலால போட்டு "இவர் இவ்ளோ எரிச்சிருப்பார்"னு ஒரு நம்பர் சொல்லுது. அந்த ஃபார்முலா என்னன்னு பெரும்பாலான கம்பெனிங்க முழுசா வெளிய சொல்றதும் இல்ல. (பத்து கிலோ குறைச்சுட்டு ஆப்ல இன்னும் பழைய எடையையே வெச்சிருக்கறவங்க நம்மள்ல எத்தனை பேரோ.)

நிஜமா அளக்கணும்னா லேப்ல மூஞ்சில ஒரு மாஸ்க் மாட்டிவிட்டு ஓட விடுவாங்க. உள்ள போற ஆக்சிஜன் எவ்ளோ, வெளிய வர்ற கார்பன் டை ஆக்சைடு எவ்ளோன்னு பாத்து, ஒரு லிட்டர் ஆக்சிஜனுக்கு சுமார் 5 கலோரின்னு கணக்கு போடுவாங்க. அமெரிக்கால ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டில இப்படித்தான் 60 பேருக்கு 7 விதமான வாட்ச், பேண்ட் கட்டிவிட்டு நடக்க, ஓட, சைக்கிள் மிதிக்க வெச்சு ஒப்பிட்டுப் பாத்தாங்க, 2017ல வந்துச்சு அந்த பேப்பர். ஏழுல ஆறு ஹார்ட் ரேட்டை 5 சதவீத தப்புக்குள்ள சொல்லிடுச்சு, பாராட்டணும். கலோரில? இருக்கறதுலயே நல்ல வாட்ச் சராசரியா 27 சதவீதம் தப்பு, மோசமானது 93 சதவீதம். நீங்க நிஜமா எரிச்சது 300ன்னா நல்ல வாட்சே 220ன்னும் சொல்லலாம் 380ன்னும் சொல்லலாம். அதெல்லாம் பழைய மாடல்பா, சிலது இப்ப மார்க்கெட்லயே இல்லன்னு கேப்பீங்க, கரெக்ட்தான், ஆனா 2020ல 150க்கு மேல ஆய்வுகளை ஒண்ணா வெச்சுப் பாத்த ஒரு ரிவ்யூவும் கலோரி விஷயத்துல எந்த பிராண்டும் துல்லியம் இல்லன்னுதான் முடிச்சுது.

ஏன் இப்படி சொதப்புதுன்னா, இதயம் வேகமா அடிச்சா ஆக்சிஜன் ஜாஸ்தி செலவாகுதுன்னு அது எடுத்துக்குது. பொதுவா சரிதான், ஆனா இதயம் வேகமா அடிக்க உழைப்பு மட்டும்தான் காரணமா என்ன? சென்னைல மே மாசம் ஆறரை மணிக்கே பீச்சுல நடந்து பாருங்க, ஏசி ஜிம்ல ட்ரெட்மில்ல போற அதே ஸ்பீடுதான், ஆனா உடம்பைக் குளுத்த ரத்தத்தைத் தோலுக்கு அனுப்பணும், வியர்வை வேற கொட்டுது, துடிப்பு எகிறிடும். தசை செய்யற வேலை கிட்டத்தட்ட அதேதான், வாட்ச் மட்டும் கலோரியை ஏத்திக்கிட்டே போகும். ரெண்டு காபி குடிச்சிட்டுப் போனாலும் இதே கூத்து நடக்கலாம். இதுக்கு நேர் எதிரா, பிபிக்காக பீட்டா ப்ளாக்கர் மாத்திரை எடுக்கறவங்களுக்கு எவ்ளோ வேகமா நடந்தாலும் துடிப்பு அவ்ளோ ஏறாது, அவங்களுக்குக் கம்மியா காட்டும். எங்க குரூப்ல ஒரு அங்கிள் இதைப் பாத்துட்டு "எனக்கு மட்டும் எரிய மாட்டேங்குதுப்பா"ன்னு ஃபீல் பண்ணிட்டு இருந்தார், பாவம்.

வெயிட் தூக்கறதுல நிலைமை இன்னும் மோசம். டம்பெல்லை இறுக்கிப் பிடிச்சு மணிக்கட்டை மடக்கும்போது அங்க ரத்த ஓட்டமே மாறிடுது, பச்சை லைட்டுக்கு ஒண்ணும் புரியாது. ஓடறவங்களுக்குத் தெரியும், ஸ்ட்ராப் லூசா இருந்தா சில சமயம் துடிப்பை விட்டுட்டு கால் வைக்கிற ரிதத்தை எண்ண ஆரம்பிச்சிடும், சும்மா ஜாலியா ஓடும்போதே 170ன்னு காட்டி வயித்துல புளியைக் கரைக்கும். ட்ரெட்மில் ஸ்க்ரீன்ல வர்ற நம்பரைப் பத்தி பேசவே வேணாம், நிறைய மெஷின் எடையைக்கூட கேக்காது, கைப்பிடியைப் பிடிச்சு தொங்கிட்டே நடந்தாலும் அதே கணக்குதான்.

இதெல்லாம் போக யாரும் கவனிக்காத ஒண்ணு இருக்கு. 70 கிலோ ஆள் ஒரு மணி நேரம் ஓரளவு வேகமா நடந்தா புத்தகக் கணக்குப்படி சுமார் 245 கலோரி. ஆனா அந்த ஒரு மணி நேரம் அவர் சோஃபால உக்காந்து டிவி பாத்திருந்தாலே ஒரு 70 செலவாகியிருக்கும், மூச்சு விட, மூளை ஓட. அப்ப நடந்ததுக்குன்னு கூடுதலா போனது 175தான். சில வாட்ச் ஆக்டிவ், டோட்டல்னு ரெண்டையும் பிரிச்சே காட்டும், ஸ்க்ரீன்ஷாட் எடுக்கறவங்க கை தானா பெரிய நம்பருக்குத்தான் போகுது. ஒரு டீஸ்பூன் நெய் 45 கலோரி. நெய் பொடி தோசைல ஊத்துறாங்களே, அதுல நாலு ஸ்பூன்ல உங்க ஒரு மணி நேர நடை காலி, தோசை இன்னும் கணக்குலயே வரல. சாப்பாட்டு ஆப்ல வாட்சைக் கோத்துவிட்டு, "இன்னிக்கு 600 எரிச்சாச்சு, இன்னும் 600 சாப்பிடலாம்"னு அது சொல்றதை நம்பி சாப்பிடறதுதான் இருக்கறதுலயே டேஞ்சர். அந்தக் கனெக்‌ஷனை முதல்ல கட் பண்ணுங்க.

அதுக்காக வாட்சைத் தூக்கிப் போடச் சொல்லல, நானும் கட்டிட்டுதான் இருக்கேன். கலோரியை முகப்புலேர்ந்து எடுத்துட்டு நேரமும் துடிப்பும் மட்டும் வெச்சிருக்கேன், அதே பாதை அதே வேகத்துல போன மாசத்தைவிட இப்ப துடிப்பு கம்மியா இருந்தா எனக்கு அது நல்ல சேதி. எந்த வாட்ச் வாங்கறதுன்னு இன்பாக்ஸ்ல கேக்கறவங்களுக்கு: கலோரிக்காகன்னா எதையும் வாங்க வேணாம். துடிப்பு சரியா வேணும், இன்டர்வல் (கொஞ்ச நேரம் வேகமா, கொஞ்ச நேரம் மெதுவான்னு மாத்தி மாத்திப் பண்றது), வெயிட் எல்லாம் பண்றீங்கன்னா நெஞ்சுல கட்டுற ஸ்ட்ராப் வாங்குங்க, அது இதயத்தோட மின் துடிப்பையே எடுக்கும், மணிக்கட்டு லைட்டைவிட எவ்ளோவோ மேல். கட்டறதுக்கு முன்னாடி லேசா தண்ணி தொட்டுக்கணும், ஒவ்வொரு தடவையும் அலசிப் போடணும், இல்லன்னா நம்ம ஊர் வியர்வைக்கு ரெண்டே வாரத்துல நாறிடும்.