படுக்கையில் புரண்டால் சுழலும் அறை

படுக்கையில் வலப்பக்கமாகப் புரண்டால் மட்டும் வருகிற தலைச்சுற்றல் ஒன்று சில காலமாக என்னைப் பாடாய்ப் படுத்தியது. நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. நடக்கும்போது இலேசான தள்ளாட்டம் இருந்தாலும் கீழே விழும் அளவுக்கு இல்லை. ஆனால் தூக்கக் கலக்கத்தில் அந்தப் பக்கம் திரும்பிவிட்டால், ஓரிரு நொடிகள் எதுவும் நிகழாமல் இருந்து, பிறகு சுவரும் கூரையும் ஒரே திசையில் வேகமாக ஓடத் தொடங்கும். கண்ணை இறுக மூடினாலும் சுழற்சி நிற்காது. ஒரு நிமிடம் ஆவதற்குள் தானாகவே அடங்கிவிடும். குமட்டலும் வியர்வையும் மட்டும் மிச்சமிருக்கும். மேல்தட்டில் இருக்கும் பொருளை அண்ணாந்து பார்த்தாலும், குனிந்து செருப்பு மாட்டினாலும் இதே கதைதான்.

இதைச் சொன்னவுடன் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். இரத்த அழுத்தம் குறைந்திருக்கும் என்றார் ஒருவர். இரத்தசோகையாக இருக்கும் என்றார் இன்னொருவர். அலுவலகத்தில் உடன் வேலை பார்ப்பவர், கழுத்தெலும்புத் தேய்மானம் என்று தீர்ப்பே எழுதிவிட்டார். அந்தக் கடைசி விளக்கத்தை நானும் பாதி நம்பினேன், ஏனெனில் கழுத்து உண்மையிலேயே வலித்துக்கொண்டிருந்தது. சுற்றல் வந்துவிடுமோ என்ற பயத்தில் தலையை அசைக்காமல் நாள் முழுவதும் விறைப்பாக வைத்திருப்பவருக்குக் கழுத்து வலிக்காமல் வேறு என்ன செய்யும் என்பது பிறகுதான் புரிந்தது. முதலில் பார்த்த பொது மருத்துவர் இரத்த அழுத்தத்தை அளந்து, குறையொன்றும் இல்லை என்று கூறி, தலைச்சுற்றலுக்கான மாத்திரைகளை எழுதிக் கொடுத்தார். அவற்றால் குமட்டல் குறைந்தது, நன்றாகத் தூக்கமும் வந்தது. புரண்டு படுத்தால் அறை சுழல்வது மட்டும் கொஞ்சமும் மாறவில்லை.

அடுத்து ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் சென்றேன். அவர் என்னைத் தொடுவதற்கு முன்பே ஏறத்தாழ முடிவுக்கு வந்துவிட்டார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அறை சுழல்கிறதா, அல்லது கண் இருண்டு விழப்போவதுபோல் இருக்கிறதா. எந்த அசைவில் வருகிறது. எத்தனை நொடி நீடிக்கிறது. காதில் இரைச்சலோ கேட்கும் திறனில் குறைவோ உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எழுந்து நிற்கும்போது அழுத்தம் குறைந்து வரும் கிறுகிறுப்பு, படுத்தபடியே புரளும் ஒருவருக்கு வருவதில்லை. காதடைப்பும் இரைச்சலுமாக மணிக்கணக்கில் நீடிக்கும் சுற்றல் வேறு நோயைக் காட்டும். நாள்கணக்கில் ஓயாமல் சுற்றுவது சமநிலை நரம்பின் அழற்சியாக இருக்கலாம். தலையின் நிலை மாறினால் மட்டும் வந்து ஒரு நிமிடத்துக்குள் அடங்குவது இவை எல்லாவற்றிலிருந்தும் வேறுபட்டது. இத்தனை காலம் பிறரிடம் நான் சொல்லிவந்தது 'பயங்கரமாகச் சுற்றுகிறது' என்ற ஒன்றைத்தான்; அவருக்குத் தேவைப்பட்ட விவரங்களில் அது மட்டும் இல்லை.

பிறகு கட்டிலின் மீது கால் நீட்டி உட்காரச் சொன்னார். என் தலையை வலப்புறமாக 45 டிகிரி திருப்பிப் பிடித்துக்கொண்டு, கட்டிலின் விளிம்புக்கு வெளியே தலை சற்றே தொங்கும்படி என்னை வேகமாக மல்லாக்கச் சாய்த்தார். கண்ணை மூடக் கூடாது என்பது கட்டளை. இரண்டு மூன்று நொடி கழித்து அறை சுழன்றது. நான் கட்டிலைப் பற்றிக்கொண்டிருக்க, அவரோ என் கண்களையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றலின்போது கருவிழிகள் ஒருபுறமாகச் சுழன்று துடிக்கும். அந்தத் துடிப்பின் திசை எந்தக் காதில், உள்காதின் எந்தக் குழலில் கோளாறு என்பதைக் காட்டிவிடும். 1952-ஆம் ஆண்டு இந்தச் சோதனையை விவரித்த மார்கரெட் டிக்ஸ், சார்லஸ் ஹால்பைக் என்னும் இரு மருத்துவர்களின் பெயரால் இது டிக்ஸ்-ஹால்பைக் சோதனை எனப்படுகிறது. கட்டிலும் ஒரு ஜோடிக் கைகளும் போதும். என்னைப் போன்றவர்களுக்கு ஸ்கேன் எடுத்தாலும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, ஏனெனில் இந்தச் சுற்றலுக்குக் காரணமான, உள்காதில் இடம்பெயர்ந்த நுண்துகள்கள் அதில் புலப்படும் அளவுக்குப் பெரியவை அல்ல.

நோயின் பெயர் பினைன் பராக்சிஸ்மல் பொசிஷனல் வெர்டிகோ, சுருக்கமாக பிபிபிவி. உள்காதில், புவியீர்ப்பையும் நேர்கோட்டு அசைவையும் உணர்வதற்கென ஒரு சிறு பை உண்டு. அதன் உணர்முடிகளின் மேல் கால்சியம் கார்பனேட் படிகங்கள் ஒரு பசைப்படலத்தில் பதிந்திருக்கின்றன. அதன் அருகே தலை திரும்புவதை உணரும் மூன்று அரைவட்டக் குழல்கள், திரவம் நிரம்பியவையாக, மூன்று வெவ்வேறு தளங்களில் அமைந்துள்ளன. படிகங்களில் சில கழன்று இந்தக் குழல்களில் ஒன்றுக்குள், பெரும்பாலும் தாழ்வாக இருக்கும் பின்புறக் குழலுக்குள், புகுந்துவிட்டால் வந்தது வினை. தலையைச் சாய்க்கும்போது அவை உருண்டு திரவத்தையும் உடன் இழுத்துச் செல்ல, தலை சுழல்கிறது என்ற பொய்ச்செய்தி மூளைக்குப் போகிறது. மறுபக்கக் காதோ அப்படி எதுவும் நடக்கவில்லை என்கிறது. துகள்கள் நகரத் தொடங்குவதற்கு ஆகும் நேரமே தொடக்கத்தில் இருக்கும் அந்த ஓரிரு நொடி அமைதி. அவை தாழ்வான இடத்தில் தங்கியதும் சுற்றலும் அடங்கிவிடுகிறது. இந்த விளக்கத்தைக் கேட்டபோது எனக்கு உண்டான நிம்மதி, அதற்குப் பின் கிடைத்த சிகிச்சைக்குச் சற்றும் குறைந்ததல்ல.

துகள்கள் ஏன் கழல்கின்றன என்பதற்குப் பலரிடம் காரணமே கண்டுபிடிக்க முடிவதில்லை. தலையில் அடிபட்டவர்களுக்கும், நெடுநாள் படுக்கையில் இருந்தவர்களுக்கும், வயது ஏறியவர்களுக்கும் அதிகம் வரும். ஆண்களைவிடப் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது.

சிகிச்சையும் அதே கட்டிலில், அதே நிலையிலிருந்து தொடங்கியது. வலப்புறம் திரும்பியிருந்த தலையைச் சுற்றல் அடங்கும் வரை அப்படியே பிடித்திருந்து, பிறகு இடப்புறமாக 90 டிகிரி திருப்பினார். அடுத்து உடலையும் இடது தோளின் மேல் புரட்டி, மூக்கு தரையை நோக்கும்படி செய்தார். கடைசியாக மெல்ல எழுப்பி உட்கார வைத்தார். ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடத்துக்குக் குறையாத காத்திருப்பு. குழலின் வளைவு நெடுகத் துகள்களை உருட்டிச் சென்று, அவை புறப்பட்ட பைக்குள்ளேயே திரும்பக் கொட்டிவிடுவதுதான் இதன் நோக்கம். இதை வகுத்தவர் ஜான் எப்லி என்ற அமெரிக்க மருத்துவர். தலையைத் திருப்பியே தலைச்சுற்றலைத் தீர்க்கலாம் என்று அவர் சொன்னபோது சக மருத்துவர்கள் பலர் நம்பவில்லை. அவருடைய புகழ்பெற்ற கட்டுரை 1992-இல்தான் வெளியானது. அதுவரை தீராத சிலருக்கு உள்காதின் நரம்பைத் துண்டிக்கும் அறுவைச் சிகிச்சைகூட நடந்திருக்கிறது என்பதை எண்ணினால், எப்லியின் பிடிவாதத்துக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

அன்றிரவு வலப்பக்கம் திரும்பிப் படுத்தேன், அறை அசையவில்லை. நடக்கும்போது மட்டும் மெத்தைமேல் கால் வைப்பது போன்ற ஓர் உறுதியின்மை சில நாள்கள் நீடித்து மறைந்தது. இப்படி எஞ்சும் தள்ளாட்டம் வழக்கமானதே என்றும், தலையை அசைக்காமல் பொத்திப் பாதுகாப்பதைவிட இயல்பாக நடமாடுவதே நல்லது என்றும் மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். முன்பெல்லாம் இரண்டு இரவுகள் உட்கார்ந்தபடியே தூங்க வேண்டும் என்று வற்புறுத்துவார்களாம். அதனால் பெரிய பயனில்லை என்று தெரிந்ததால் இப்போது வலியுறுத்துவதில்லை. காணொளியைப் பார்த்து வீட்டிலேயே செய்யலாமா என்று கேட்டேன். எந்தக் காது, எந்தக் குழல் என்று ஒருமுறையாவது உறுதிசெய்த பின் செய்யலாம் என்றார். கழுத்திலோ முதுகெலும்பிலோ கோளாறு உள்ளவர்கள் தாமாக முயலவே கூடாது. எல்லாத் தலைச்சுற்றலும் இந்த வகையும் அல்ல: பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, ஒருபக்கக் கை கால் தளர்ச்சி, இதுவரை அறியாத கடும் தலைவலி, நிற்கவே முடியாத தடுமாற்றம் ஆகியவற்றில் எது சேர்ந்து வந்தாலும் அது மூளை தொடர்பானதாக இருக்கக்கூடும் என்பதால் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

என்னை உறுத்துவது முதியவர்களின் நிலைதான். எழுபதைத் தாண்டிய ஒருவர் தலை சுற்றுகிறது என்றால், வயதாகிவிட்டது என்று நாமும் சொல்கிறோம், அவரும் ஒப்புக்கொள்கிறார். சில நிமிடங்களில் சரியாகக்கூடிய ஒன்றுக்காக ஆண்டுக்கணக்கில் சுவரைப் பிடித்து நடப்பவர்களும், இரவில் எழும்போது விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்பவர்களும் உண்டு. என் பெரியம்மாவிடம் இதைப் பற்றிப் பேசியபோது, "எனக்கும் இடப்பக்கம் படுத்தால் சுற்றும், அதனால் அந்தப் பக்கம் படுப்பதையே விட்டு ரொம்ப நாளாகிறது" என்றார், ஏதோ ஒரு பழக்கத்தைச் சொல்வதுபோல. அவரையும் அதே மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம்.

பிபிபிவி மறுபடியும் வரக்கூடியது, எனக்கும் வந்தது. இம்முறை இடப்பக்கம், புரண்டு இரண்டு நொடி கழித்து, அரை நிமிடத்துக்கும் குறைவு, காதில் இரைச்சல் இல்லை என்று உள்ளே நுழைந்ததுமே ஒப்பித்தேன். மருத்துவர் சிரித்துவிட்டு, இரண்டு பக்கமும் சோதித்தே பார்த்தார்.