நாலு கேள்வி சார்

நம் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் மலருக்குக் கட்டுரை கேட்டு சங்கச் செயலாளர் விடாமல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். "பேராசிரியர் ஆன கதையை எழுதுங்கள், பிள்ளைகளுக்கு ஊக்கமாக இருக்கும்" என்று கடைசியாக ஒரு வரியும் சேர்த்திருந்தார். ஸ்காட்லாந்து மலைகளில் முயல் புழுக்கை எண்ணிச் சம்பளம் வாங்கினவன் கதையில் யாருக்கு என்ன ஊக்கம் கிடைக்கும்? தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் ஆடி மாதத்தில் சார் போய்விட்டார் என்று உடுமலையிலிருந்து தகவல் வந்தது. இனி எழுதாமல் இருக்க முடியாது.

எந்த சார் என்று நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டாம். நேச்சுரல் சயன்ஸ். நாகர்கோவில் பக்கத்துக்காரர். இடுக்கி மலைக்கு மாற்றல் ஆகி வந்தவர்கள் எல்லாம் அடுத்த ஓணப் பரீட்சைக்குள் திரும்ப மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடிய காலத்தில், மறையூர் பக்கத்துக் கோவில்கடவில் வீடு பிடித்து, ரிட்டயர் ஆகும் வரை இருந்தவர். ஹார்லிக்ஸ் பாட்டிலும் புனலும் வைத்து மழை அளந்தவர். மூணாறில் ஜூன் மாதம் கொட்டித் தீர்க்கிறபோது நாற்பது கிலோமீட்டர் கீழே நம் மறையூரில் ஏன் தூறலோடு நிற்கிறது, பக்கத்துச் சின்னாறு காட்டுக்கு ஏன் ஐப்பசியில்தான் மழை என்பதைப் பாடப் புத்தகத்தில் தேடாமல் அந்தப் பாட்டிலைக் காட்டி விளக்கியவர். சின்னாறில் வருஷத்துக்கு ஐந்நூறு மில்லிமீட்டர் அளவுதான் மழை. பள்ளிக்கூடத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் மேகம் தெரியும். மழை நமக்கு வராது. அந்த எரிச்சல் நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும்தான் புரியும்.

பிரம்பு தொட மாட்டார். பிரம்பு தொட்ட மற்ற சார்களே தேவலை என்று எனக்கு ஒன்பதாம் வகுப்பில் தோன்றியது. அவரிடம் நாலு கேள்விகள் இருந்தன. யார் எதைப் பார்த்தேன் என்று சொன்னாலும் அந்த நாலும் வரும். எங்கே? எத்தனை மணிக்கு? எவ்வளவு தூரத்தில்? கூட யார் பார்த்தது?

பொங்கல் லீவு முடிந்து வந்த முதல் நாள். சர்க்கரை மூட்டை ஏற்றிய மாமாவின் ஜீப்பில் விடியற்காலை உடுமலைக்குப் போனவன் நான். சின்னாறு செக்போஸ்ட் தாண்டுவதற்கு முன்னால், ஆற்றுக்கு அக்கரையில் மூங்கில் ஓரமாக வெள்ளையாக ஒரு காட்டி, காட்டெருமைதான், நின்றதைப் பார்த்தேன். சுண்ணாம்பு வெள்ளை அல்ல, சாம்பல் கலந்த வெள்ளை. பக்கத்தில் கறுப்பாக இரண்டு நின்றன. மாமா வளைவைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். பின்னால் இருந்தவர்கள் தூக்கம். இதை வகுப்பில் நான் எப்படிச் சொல்லியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். இரண்டு மூன்று பெஞ்சு எழுந்து நின்று கேட்டது.

சார் வாசலில் நின்று முழுவதையும் கேட்டுவிட்டார். எங்கே, சொல்லிவிட்டேன். எத்தனை மணிக்கு, சுமாராகச் சொன்னேன். எவ்வளவு தூரம்? "அந்தா அந்தத் தண்ணிப் பானை வரைக்கும் இருக்கும் சார்" என்றேன். நடந்து போய்ப் பானையைத் தொட்டார். "இவ்வளவா?" இல்லை, இன்னும் தூரம். மைதானத்தில் இறங்கி நடந்தார். "இவ்வளவா?" எனக்குக் குழம்பிவிட்டது. திரும்பி வந்து, கூட யார் பார்த்தது என்றார். யாரும் இல்லை.

கரும்பலகையில் தேதி போட்டார். கீழே "வெள்ளைக் காட்டி" என்று எழுதினார். அதற்குக் கீழே "பதிவு இல்லை" என்று எழுதி அடிக்கோடு போட்டார். "நீ பாத்தது பொய்யின்னு நான் சொல்லல்ல டே. பாத்தேன்னு சொல்லதுக்கு உன்கிட்ட ஒண்ணும் இல்ல" என்றார். கஞ்சி மணி அடிக்கும் வரை பானை பக்கத்தில் நிற்க வைத்தார். அந்தப் பலகையை அன்று முழுக்க யாரையும் அழிக்க விடவில்லை. மலையாள சார் மீதி இடத்தில் எழுதிச் சமாளித்தார். பத்தாம் வகுப்பு முடியும் வரை என் பெயர் வெள்ளைக்காட்டி. துபாயிலும் தோஹாவிலும் இருக்கிற சிலர் இன்றும் அப்படித்தான் என் எண்ணைச் சேமித்து வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்கிலும் அதை ஒட்டிய சின்னாறிலும் வெளிர்நிறக் காட்டெருமைகள் உண்டு என்பது இன்று புகைப்படத்தோடு இருக்கிற செய்தி. நான் பார்த்தேன். ஆனால் அவர் கேட்ட வகையில் அது பதிவு இல்லை என்பதும் சரிதான். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் என்று ஒத்துக்கொள்ள எனக்கு ரொம்ப காலம் ஆயிற்று. பதினாலு வயதுப் பையனிடம் அதை இன்னும் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். போட்டோ வெளிவந்த பிறகு ஒரு முறை அவரிடமே கேட்டேன். "இப்போ பதிவு இருக்கு. உன்னோடது இல்லல்லா" என்று சிரித்தார். அவ்வளவுதான் மன்னிப்பு.

சார் பெருமையாகச் சொல்கிற ஒரே விஷயம், 1933-இல் சலீம் அலி திருவிதாங்கூர்-கொச்சிப் பறவைக் கணக்கெடுப்புக்கு வந்தபோது மறையூரில் தங்கியிருந்தார் என்பது. என்னமோ அவரே கூடாரம் அடித்துக் கொடுத்த மாதிரி சொல்வார். நாம் படித்துக்கொண்டிருந்த சமயத்தில் மேலே இரவிகுளத்தில் கிளிஃபோர்ட் ரைஸ் என்ற அமெரிக்கர் வரையாட்டின் பின்னாலேயே அலைந்துகொண்டிருந்தார். ஆட்டைப் பார்க்க அமெரிக்காவிலிருந்து ஆள் வருமா என்று நாம் சிரித்தோம். அவர் 1984-இல் டெக்ஸாஸில் முனைவர் பட்டம் வாங்கினார். வரையாட்டைப் பற்றி யார் என்ன எழுதினாலும் இன்றும் அந்த ஆய்வைத் தொடாமல் எழுத முடியாது. சார் மட்டும் சிரிக்கவில்லை. "ஒரே எடத்துல இருந்து பாக்கான் பாரு, அதான் படிப்பு" என்றார். இருந்தவருக்குத்தான் அந்த அருமை தெரிந்திருக்கிறது.

என் படிப்பை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ப்ரீ-டிகிரி, பி.எஸ்ஸி. விலங்கியல், அப்புறம் மாயவரம் பக்கத்தில் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல். ஆய்வேட்டுக்குச் சின்னாறின் சாம்பல் அணிலை எடுத்துக்கொண்டேன். ஆற்றோர நீர்மருதும் மாமரமும் கிளையோடு கிளை தொட்டுக்கொண்டிருக்கிற வரைதான் அதற்கு உலகம். தரையில் இறங்குவது அதற்குப் பிடிக்காத காரியம். ஒரு மரம் போனால் அதன் நடமாட்டமே மாறிவிடும். நம் பக்கத்தை விட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர் மாதிரி சில இடங்களிலும் இலங்கையிலும்தான் உண்டு.

அணிலைக் கண்டுபிடித்துக் கொடுத்தது நான் அல்ல, ஆதிவாசிக் குடியிலிருந்து நம்மோடு படிக்க வந்த தோழன். யார் என்று தெரியும். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். கூடு பழையதா புதியதா என்று கீழே நின்றே சொல்வான். கடித்துப் போட்ட மாங்கொட்டையைப் பார்த்து அணிலா குரங்கா என்பான். சார் அவனிடம் மட்டும் அந்த நாலு கேள்வி கேட்டதே இல்லை. அவனிடம் சந்தேகம் கேட்பார். ஆனால் பரீட்சைத் தாளில் இலையின் குறுக்குவெட்டுத் தோற்றம் வரையாததற்கு மார்க் போடவில்லை. நம் பள்ளிக்கூடத்தின் மேல் எனக்கு இருக்கிற பெரிய வருத்தம் என் பானைக்கதை அல்ல, இதுதான்.

ஆய்வேடு முடிந்ததும், "இதை அப்படியே தொடரப் போறேன் சார்" என்றுதான் அவரிடம் சொன்னேன். ஸ்காலர்ஷிப் ஸ்காட்லாந்துக்குக் கிடைத்தது. அங்கே அந்த அணில் இல்லை, மலை முயலும் டார்மிகன் என்கிற பனிக்கோழியும் இருந்தன. இரண்டும் குளிர்காலத்தில் வெள்ளையாகிவிடும். வெள்ளைக்காட்டி என்று பெயர் வாங்கினவன் வெள்ளையாகிற பிராணிகளையே பார்த்துப் பிழைத்தான் என்பதை நீங்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம். நான் சிரித்து முடித்துவிட்டேன்.

அந்த ஊரில் முதல் வருஷமே என்னை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தது தூரத்தை. கோடு போட்டு நடக்கிறோம். கோட்டின் மேல் இருக்கிறது தப்பாது. தள்ளிப் போகப் போகக் கண்ணுக்குத் தப்புவது கூடும். எவ்வளவு தப்பியது என்று கணக்குப் போட வேண்டுமானால் பார்த்த ஒவ்வொன்றும் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று எழுதியிருக்க வேண்டும். இதை 1993-இல் புத்தகமாகவே போட்டார்கள். எனக்கு மட்டும் அந்தப் பாடம் புதிதாக இல்லை. மைதானத்தில் வெயிலில் நடந்து நடந்து "இவ்வளவா?" என்று கேட்டவர் அந்தப் புத்தகத்துக்குப் பத்து வருஷத்துக்கு மேல் முந்தியவர்.

மற்றபடி கல்வித்துறை வாழ்க்கை வெளியிலிருந்து தெரிகிற மாதிரி இல்லை. மூன்று வருஷம் ஒரு ஒப்பந்தம், அது முடிவதற்குள் அடுத்த பணத்துக்கு விண்ணப்பம். மலையில் இருக்கிற நேரத்தை விட மலையில் இருக்கப் பணம் கேட்கிற நேரம் அதிகம். நிரந்தர வேலை கிடைத்தபோது மலை ஏறுவது மாணவர்கள் வேலை ஆகிவிட்டது. என் வேலை அவர்கள் எழுதியதைத் திருத்துவது. நான் திருத்துகிற நோட்டுகளின் ஓரத்தில் சாரின் கேள்விகள்தான் போகின்றன, ஆங்கிலத்தில்.

அங்கே ஆடம் வாட்சன் என்று ஒருவர் இருந்தார். 1930-இல் பிறந்து 2019-இல் மறைந்தவர். வடகிழக்கு ஸ்காட்லாந்தின் அதே மலைகளில் 1950-களிலிருந்து முயலும் பனிக்கோழியும் எண்ணியவர். 2018-இல் அவரும் இன்னொருவரும் வெளியிட்ட கணக்கு எல்லாரையும் உலுக்கியது: வேட்டைக்காக கிரவுஸ் என்கிற கௌதாரி மாதிரிப் பறவையை வளர்க்கிற மேட்டுநிலங்களில் மலை முயல் 1954-இல் இருந்ததில் நூற்றில் ஒன்றுக்கும் கீழே போய்விட்டது. பெரிய சண்டை நடந்தது. 2021 மார்ச்சிலிருந்து அங்கே மலை முயலைச் சட்டம் பாதுகாக்கிறது. 2020-இல் வேறு சிலர் செய்த ஆய்வு ஒன்றும் அவருடைய பழைய குறிப்புகளைத்தான் எடுத்து வைத்துப் பார்த்தது. தரையில் பனி கிடக்கிற நாட்கள் அறுபதுகளில் இருந்ததை விட ஒரு மாதத்துக்கும் மேல் குறைந்துவிட்டன. முயல் நிறம் மாறுகிற தேதி மட்டும் பழையபடியே இருக்கிறது. பழுப்பு மலையில் வெள்ளை முயல் பளிச்சென்று உட்கார்ந்திருக்கிறது, கழுகுக்குச் சௌகரியமாக.

ஒரு மனிதன் ஒரு இடத்தில் இருந்ததால் வந்த கணக்கு இது. என்னைப் போல வந்து போகிறவர்கள் அதன் மேல் ஏறி நின்று கட்டுரை எழுதுகிறோம்.

தொண்ணூறுகளில் ஒரு லீவில் சாரைப் பார்க்கப் போனேன். முயல் படமெல்லாம் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். "நல்லாருக்கு டே. முயலை எண்ண அங்க ஆள் இல்லாமலா நீ போனே?" என்றார். திட்டவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் சம்பளம், ஆய்வுக்கூடம், நூலகம் என்று ஏதேதோ சொன்னேன். "அணில் என்னாச்சு?" என்றார். வேறு யாராவது செய்வார்கள் என்றேன். செய்தார்கள், நன்றாகவே செய்தார்கள். அதனால் அணிலுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. 82-இல் சார் நம்மைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிய குறிஞ்சி அதற்கப்புறம் 94, 2006, 2018 என்று நான் இல்லாமலே பூத்தது.

தோழன் இப்போது காட்டில் வாச்சராக இருக்கிறான். 2025 ஏப்ரலில் கேரளமும் தமிழ்நாடும் ஒரே நாட்களில் வரையாடு எண்ணியபோது அவனும் போனான். தமிழ்நாட்டுப் பக்கம் 2024-இல் 1,031 என்று வந்தது 2025-இல் 1,303 ஆனது என்பதைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். அதில் ஒரு முறை உண்டு: ஒரு ஆள் முன்னால் போவார், இன்னொருவர் கொஞ்ச நேரம் கழித்து அதே பாதையில் போவார், பார்த்ததை ஒருவருக்கொருவர் சொல்லக் கூடாது. பிறகு இரண்டு கணக்கையும் ஒப்பிட்டு, இருவர் கண்ணிலும் படாதவை எத்தனை இருக்கும் என்று கண்டுபிடிப்பார்கள். நான் இதை வகுப்பில் ஒரு மணி நேரம் நடத்துவேன். அவன் போனில் சொன்னான்: "அதான்டா, சார் கேப்பாரே, கூட யார் பாத்தான்னு. அதேதான்."

சாருடைய காரியத்துக்கு அவன் முதல் பஸ்ஸிலேயே உடுமலைக்குப் போய்விட்டான். நான் அன்று ஒரு மாணவியின் வாய்மொழித் தேர்வில் உட்கார்ந்திருந்தேன். தள்ளி வைத்திருக்கலாம். வைத்திருந்தாலும் போய்ச் சேர்ந்திருக்க முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காரியம் முடிந்து இரண்டு நாள் கழித்து அவனே கூப்பிட்டான். சார் வீட்டுச் செய்தியெல்லாம் சொல்லிவிட்டு, தயங்கித் தயங்கி ஒரு விஷயம் கேட்டான். அவன் மகள் விலங்கியல் முடித்துவிட்டாள். காட்டு வேலையில் அப்பனை விடக் கெட்டி என்று அவனே சொல்கிறான். உன் யுனிவர்சிட்டியில் மேல்படிப்புக்கு விண்ணப்பிக்கலாமா, நீ ஒரு சிபாரிசுக் கடிதம் கொடுப்பாயா என்று கேட்டான். "அவ அங்க வந்தா நல்லா இருப்பால்ல?" என்றான். இருப்பாள் என்றேன். "திரும்பி வருவாளா?" என்றான். லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். கடிதத்துக்குக் கடைசித் தேதி இந்த மலர் அச்சுக்குப் போகிற அதே வாரம். கட்டுரையை முதலில் முடித்துவிட்டேன்.