லண்டன் கம்பனியில் உங்கள் பெயரும் இருக்கிறதா?

வெள்ளவத்தையில் இருந்துகொண்டே லண்டனில் உள்ள அண்ணாவின், மச்சானின் கம்பனியில் பணிப்பாளராகப் பெயர் கொடுத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2025 நவம்பர் 18 முதல் பிரித்தானியாவில் கம்பனிகளைப் பதிவு செய்யும் அரச அலுவலகமான கம்பனிஸ் ஹவுஸ், பணிப்பாளர்கள் எல்லோரும் தங்கள் அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டும் என்று கட்டாயமாக்கிவிட்டது. எந்த நாட்டில் வசித்தாலும் சரி, சம்பளம் வாங்காமல் பெயருக்கு மட்டும் இருந்தாலும் சரி. புதிதாகச் சேர்பவர் முதலிலேயே செய்ய வேண்டும். அன்று ஏற்கனவே இருந்தவருக்கு, அந்தத் திகதிக்குப் பிறகு கம்பனி கொடுக்கும் முதல் வருடாந்த உறுதிப்படுத்தல் அறிக்கை (கம்பனி விபரங்கள் சரி என்று வருடா வருடம் கொடுப்பது) வரைதான் நேரம்.

முடிந்ததும் எழுத்தும் இலக்கமும் கலந்து மொத்தம் 11 இடங்கள் கொண்ட ஒரு குறியீடு தருவார்கள். அது ஆளுக்கு ஒன்று, நீங்கள் மூன்று கம்பனியில் இருந்தாலும் அதே ஒன்றுதான். இடையில் ஆள் இல்லாமல் நீங்களே செய்தால் கட்டணம் இல்லை. ஆனால் இங்கிருந்து போன் ஆப்பில் செய்வதென்றால் சிப் உள்ள கடவுச்சீட்டு வேண்டும், அது இல்லையென்றால் அங்கே அனுமதி பெற்ற கணக்காளர் ஒருவரைப் பிடிக்கலாம், அவர் காசு கேட்பார்.

நம்மவர்களுக்குப் பெயர்தான் பெரிய தலையிடி. கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் முழுதாக நீண்டு கிடக்கும், கம்பனிப் பதிவிலோ அது ஒற்றை இனிஷியலாக நிற்கும், சிலருக்கு முன்பெயரும் குடும்பப்பெயரும் இடம் மாறியே பதிவாகியிருக்கும். பிறந்த திகதியையும் சேர்த்துப் பாருங்கள், பிழை இருந்தால் முதலில் அதைத் திருத்தச் சொல்லுங்கள்.

"அண்ணா பார்த்துக்கொள்வார்" என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். உறுதிப்படுத்தாமல் பணிப்பாளராக இயங்குவது அங்கே குற்றம், பொறுப்பு உங்கள் தலையிலும்தான் விழும். அப்புறம், அந்தக் குறியீட்டைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம்.