ரப்பர் தோட்டத்துத் தேனெடுப்புக்கு வண்டிக் கேரியரில் ஒரு சாய்ப்பு

ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் பருவத்தில்தான் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் தேனீ வளர்ப்போருக்கு வேலை கூடுகிறது. டிசம்பர் கடைசியில் உதிரத் தொடங்கும் இலைகள் பிப்ரவரிக்குள் கொட்டி முடிந்து, கிளைகளில் புதுத் தளிர் விடுகின்றன. மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்திலுள்ள சுரப்பிகளிலிருந்து கசியும் இனிப்பு நீரைத்தான் தேனீக்கள் சேகரிக்கின்றன. ரப்பர் தேன் என்று நாம் சொல்வதில் பூவின் பங்கு மிகக் குறைவு. ஆகவே மார்த்தாண்டம், குலசேகரம், திற்பரப்பு வட்டாரத் தோட்டங்களில் பெட்டி வைத்திருப்பவர்கள் தேனெடுக்கத் தொடங்கும் நாட்களில் தலைக்கு மேல் முழு நிழல் இருப்பதில்லை. இலைகள் முற்றி நிழல் வரும் ஏப்ரலிலோ மலைப்பக்கத்திலிருந்து பிற்பகல் மூன்று மணி வாக்கில் இடியோடு கோடை மழை இறங்கிவிடுகிறது.

வெயில், மழை இந்த இரண்டுக்கும் சேர்த்துத்தான் எங்கள் பொலேரோ ஜீப்பின் கூரைக் கேரியரில் ஒரு சாய்ப்பை, அதாவது ஒருபக்கம் சரிந்த துணிக் கூரையைக் கட்டினேன். கடையில் விற்கும் ஆயத்தச் சாய்ப்புகள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் அவை சுற்றுலாவுக்கு ஆனவை. தேனெடுப்பவருக்கு நிழலோடு சுற்றிலும் வலைத் திரையும் வேண்டும். திறந்த வெளியில் அடையைச் சீவித் தேன் எடுக்கும் இயந்திரத்தைச் சுழற்றினால், அந்த மணத்துக்குச் சுற்றுவட்டாரத் தேனீக்கள் எல்லாம் கூடிவிடும்; பிறகு வலுவான கூட்டத்துத் தேனீக்கள் வலுவற்ற கூட்டத்தின் பெட்டிக்குள் புகுந்து கொள்ளையடிக்கத் தொடங்கினால் அதை நிறுத்துவது எளிதன்று.

அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். கேரியரின் இடப்பக்க ஓரத்தில் எட்டு அடி நீளம், அங்கிருந்து வெளியே ஏழு அடி அகலம். இடப்பக்கம் என்பதற்குக் காரணம், சாலையோரம் நிறுத்தினாலும் ஆட்கள் போக்குவரத்துப் பக்கம் இறங்க நேராது என்பதே. வண்டியோடு சேரும் விளிம்பு ஏறக்குறைய ஆறே முக்கால் அடி உயரத்திலும், வெளி விளிம்பு ஐந்தரை அடி உயரத்திலும் நிற்கின்றன. வெளி மூலைகளில் ஒன்றை மட்டும் இன்னும் அரையடி தாழ்த்திவிடுகிறேன். மழைநீர் முழுவதும் அந்த மூலைக்கு ஓடி ஒரே இடத்தில் விழுகிறது.

இந்தச் சரிவைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஆனால் சாய்ப்பின் ஆயுள் துணியின் தடிமனைவிடச் சரிவையும் விறைப்பையும்தான் அதிகம் நம்பியிருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். துணி தொய்ந்து ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினாலே 50 கிலோ எடை ஏறிவிடும். காற்றின் கணக்கு அதைவிடக் கடுமையானது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று நேராக மோதும் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 4 கிலோ எடைக்குச் சமமான அழுத்தத்தைத் தருகிறது. வேகம் இருமடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். எங்கள் சாய்ப்பின் பரப்பு ஐந்து சதுர மீட்டருக்குச் சற்று மேல். கோடை மழைக்கு முன் வரும் ஒரு சுழற்காற்று மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அதை அடியிலிருந்து முழுவதுமாகத் தூக்கினால் கேரியர் 85 கிலோவுக்கு மேற்பட்ட இழுவையைத் தாங்க வேண்டியிருக்கும். ஆகவே எந்த நேரத்திலும் ஒரே ஆள் விரைவாக அவிழ்த்துச் சுருட்டிவிடக்கூடியதாக அது அமைய வேண்டும் என்பதையே முதல் விதியாக வைத்துக்கொண்டேன்.

சட்டத்துக்குக் கால் அங்குல சுவர்க் குழாயெல்லாம் தேவையில்லை. 25 மில்லிமீட்டர் சதுர அலுமினியக் குழாயில், சுவர் ஒன்றரை மில்லிமீட்டர் இருந்தால் போதும். மீட்டருக்கு 400 கிராமுக்கும் குறைவாகவே எடை வரும். கேரியரிலிருந்து வெளி மூலைகளுக்கு நீளும் இரண்டு கைகள், வெளி விளிம்பில் ஒரு குறுக்குக் குழாய், இரண்டு கால்கள், இவ்வளவுதான். கால்களை ஒன்றினுள் ஒன்று நுழையும் குழாய்களாக வைத்து, வரிசையாகத் துளையிட்டு முளையால் பூட்டுவது மிக முக்கியம். எங்கள் தோட்டங்கள் படிப்படியாக வெட்டிய மலைச்சரிவுகள். ஒரு கால் மேல்தட்டிலும் மற்றொன்று கீழேயும் நிற்க வேண்டிவரும். இரும்புக் கேரியரும் அலுமினியமும் நேராகத் தொட்டு ஈரம் படும் இடத்தில் அலுமினியம் அரிக்கும் என்பதால், யூ போல்ட்டுகளுக்கு அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைத்திருக்கிறேன். தேன் பருவம் முடிந்த பிறகு பெட்டிகள் தேங்காய்ப்பட்டணத்துத் தென்னந்தோப்புகளுக்குப் போகின்றன. அந்த உப்புக் காற்றில் இந்த டியூப் துண்டுகளின் அருமை தெரியும்.

துணியைத் தேர்வதில்தான் அதிகம் யோசித்தேன். சில்பாலின் என்ற பிளாஸ்டிக் விரிப்பு எடை குறைந்தது, நனைந்தாலும் கனக்காது. ஆனால் சற்றே தொய்ந்தாலும் படபடவென்று அடிக்கும். பெட்டிகளுக்கு அருகே அந்த ஓசையும் அதிர்வும் தேனீக்களைச் சினம்கொள்ளச் செய்யும். நீலத் தார்ப்பாயின் கீழ் எல்லாம் நீலமாகவே தெரிவதால், அடையில் தேனீக்கள் மெழுகால் மூடிய அறை எது, மூடாத அறை எது என்று பிரித்தறியக் கண் தடுமாறும். மூடாத அறையின் தேனில் நீர் அதிகம். உணவுப் பாதுகாப்பு ஆணையம் பொதுவாகத் தேனுக்கு வைத்திருக்கும் ஈரப்பத வரம்பு 20 சதவீதம் என்பதால் இது அலங்காரக் கவலை அன்று. கறுப்போ அடர்நிறமோ தேனீக்களுக்கு ஆகாது. கடைசியில் வெளிறிய நிறக் கித்தானையே எடுத்தேன். கனம் கூடுதல்தான், ஆனால் அதன் நிழல் குளிர்ச்சியானது, காற்றில் அமைதியாக இருக்கிறது.

லாரித் தார்ப்பாய் தைக்கும் ஒரு பெரியவரிடம் வேலையைக் கொடுத்தபோது, நான் கேட்டிருந்த வெறும் ஐலெட் வளையங்களை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. “மடிப்புக்குள்ள கயிறு வச்சுத் தைக்கணும் மக்கா. வெறும் துணியில ஓட்டை போட்டா காத்து கிழிச்சிரும்” என்றார். அப்படியே நான்கு விளிம்பிலும் கயிறு வைத்துத் தைத்து, அந்தக் கயிற்றை ஒட்டியே வளையங்களை அடித்துக் கொடுத்தார். தையல் நூலை மட்டும் எங்கள் வீட்டுத் தேன்மெழுகில் இழுத்துக் கொடுத்திருந்தேன். தையல் துளைகளில் நீர் கசிவது அதனால் வெகுவாகக் குறைகிறது. துணி முழுவதும் மெழுகு பூசும் வழக்கம் சில இடங்களில் உண்டு என்றாலும், வெயிலில் சூடேறிய மெழுகின் மணமே தேனீக்களை அழைத்துவிடும் என்பதால் தேனீ வளர்ப்போர் அதைத் தவிர்க்க வேண்டும்.

வலைத்திரைக்குக் கொசுவலைத் துணியே போதும். மூன்று பக்கமும் தொங்கவிட்டு அடியில் மணல் நிரப்பிய துணிக்குழாயால் பாரம் வைத்திருக்கிறேன். நான்காவது பக்கத்தை வண்டியே அடைத்துக்கொள்கிறது, சக்கரங்களுக்கு இடையிலுள்ள இடைவெளிக்கு மட்டும் ஒரு சாக்குத் திரை. வெயில் படும் பக்கத்து மேல் மூலையில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு திறப்பை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அடைகளோடு உள்ளே வந்துவிடும் தேனீக்கள் வெளிச்சத்தை நாடி வலைமேல் ஏறி அந்த வழியே வெளியேறிவிடுகின்றன; வெளியே இருப்பவையோ மணம் வரும் இடத்தில் கீழேயே முட்டிக்கொண்டிருப்பதால் அந்தத் திறப்பைக் கண்டுபிடிப்பது அரிது. சாய்ப்பு முழுவதிலும் எனக்கு மிகுந்த மனநிறைவு தருவது இந்தச் சிறிய திறப்புதான்.

கயிறு கட்டுவதில் ஒரு வேண்டுகோள். மரத்தில் கட்டுவதானால், பால் வெட்டும் பட்டையின் மீது கயிறு படக்கூடாது; அது தோட்டக்காரரின் வாழ்வாதாரம். வெட்டுக்கு மிக மேலே, சாக்குச் சுற்றி அதன்மேல் கட்ட வேண்டும். நைலான் கயிறு நனைந்தால் நீண்டு தளர்ந்துவிடும். பாலியஸ்டர் கயிறு அவ்வளவு தளராது. தென்னந்தோப்பு மணலில் முளைகள் நிற்பதில்லை. அங்கே ஒரு தென்னை மட்டையின் நடுவில் கயிற்றைக் கட்டி, மட்டையைக் குறுக்காக ஓரடி ஆழத்தில் புதைத்து மிதித்துவிட்டால் அசையாது.

வண்டியை நிறுத்தும் திசையும் கணக்கில் வரும். பிற்பகலில் முகப்பு தெற்கு நோக்கி நின்றால் மேற்கு வெயிலை வண்டியே மறைத்துக்கொள்ளும், ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிப் பக்கத்தில் வீசும் மேற்குக் காற்றுக்கும் அதுவே தடுப்பாகும். இடி கேட்கத் தொடங்கினால் தேனைப் பாத்திரத்தில் மூடி, சாய்ப்பைச் சுருட்டிவிட்டு வண்டிக்குள் ஏறிவிட வேண்டும். மரத்தடியில் உலோகக் கால்களின் அருகே நிற்கக் கூடாது.

வண்டியின் உடலில் எதையும் பற்றவைக்கவில்லை. பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுப்பதால், எல்லாம் கழற்றக்கூடிய போல்ட்டுகளாகவே இருக்கின்றன. சுருட்டிய துணி வண்டியின் பக்கவாட்டைத் தாண்டி நீட்டுவதில்லை. சுருட்டுவதற்கு முன் தேன் சிந்திய இடங்களை வெந்நீரில் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இரவில் எறும்பு ஏறும். நனைந்த கித்தானை அன்று மாலையே வீட்டில் விரித்துக் காயப்போட வேண்டும். ஈரத்தோடு இரண்டு நாள் சுருண்டு கிடந்தால் கரும்புள்ளி விழுந்து இழை இற்றுப்போகும்.