தட்டு நகர்ந்திருந்துச்சு

"நகர்ந்திருந்துச்சு" என்று சொன்னேனா, "நகர்ந்திருக்கும்" என்று சொன்னேனா? 2013ல் சொன்ன ஒரு வார்த்தை. 2021ல் மறுபடியும் அதே வீட்டு வாசலில் நிற்கும்வரை ஒரு நாள்கூட நான் அதை நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது ராத்திரியில் விழிப்பு வந்தால் முதலில் அதுதான் வருகிறது. "நகர்ந்திருக்கும்" என்றால் ஊகம், வேலைக்காரன் யாரும் சொல்லக்கூடியது. "நகர்ந்திருந்துச்சு" என்றால் நான் பார்த்தேன் என்று அர்த்தம். நான் பார்க்கவில்லை. பார்க்க அங்கே ஒன்றும் இல்லை.

அப்போது நான் மலேசியாவில், சுங்கை சிப்புட் என்ற ஊரில் ஓர் ஏஜெண்டுக்காக வீடுகளில் சாட்டிலைட் டிவி தட்டு மாட்டிக்கொண்டிருந்தேன். சம்பளம் கிடையாது, வேலைக்கு இவ்வளவு என்று கணக்கு. மார்ச் மாதம், ஃபார்முலா ஒன் கார் பந்தய சீசன் தொடங்குகிற நேரம். டிராக்டர் மாமா போன் பண்ணினார். "தம்பி, ஈஎஸ்பிஎன் காணோம்பா. அதுல வேற என்னமோ ஓடுது."

என்ன நடந்தது என்று எனக்கு அந்த நொடியிலேயே தெரியும். ஜனவரி 28ம் தேதியே அந்த விளையாட்டு சேனலின் ஈஎஸ்பிஎன் என்ற பெயரை எடுத்துவிட்டு ஃபாக்ஸ் ஸ்போர்ட்ஸ் என்று வைத்துவிட்டார்கள். சேனல் அங்கேயேதான் இருந்தது. "பேரு மாறிடுச்சு மாமா, அதையே பாருங்க" என்று சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். நான் "வர்றேன் மாமா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு இரண்டு பதில் இருக்கிறது. இரண்டும் உண்மைதான். வயதானவர்களுக்குப் போனில் சொன்னால் புரியாது, எப்படியும் "நீ வந்து பாத்துட்டுப் போ" என்றுதான் முடியும். இது அனுபவத்தில் கண்டது. அப்புறம், அந்த வாரம் எனக்கு இரண்டு நாளாக வேலையே வரவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்தபோது இதில் எது என்னைக் கிளப்பியது என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. முதல் பதிலை நம்பத்தான் ஆசை.

தோட்டத்துக்குள் செம்பனைக்கு நடுவே செம்மண் பாதை, முந்தின நாள் மழையில் ஊறிக் கிடந்தது. லயத்து வரிசை வீட்டுக்குள் போனதும் முதலில் ரிமோட்டை வாங்கி சிக்னலைப் பார்த்தேன். பலம், தரம் இரண்டு கோடும் நன்றாக நின்றன. அதோடு வேலை முடிந்துவிட்டது. மாமா பின்னால் நின்றுகொண்டு, "என்னப்பா, மழையில போயிருச்சா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நம் ஊர் மழையில் அந்த சிக்னல் நிற்காது. மேலேயிருந்து வருவதை மழைத்தண்ணீர் குடித்துவிடும். கனத்த மேகம் வந்தாலே படம் கட்டம் கட்டமாக உடையும், மழை விட்டதும் தானாக வந்துவிடும். அதற்கும் தட்டு நகர்வதற்கும் சம்பந்தமே கிடையாது. ஆனால் மழைக்கு அப்புறம் போன சேனல் என்றால் மழைதான் காரணம் என்று யாருக்கும் தோன்றும். அவரே வழியைத் திறந்து கொடுத்தார், நான் உள்ளே நுழைந்தேன்.

"மேல ஏறிப் பாக்குறேன் மாமா."

தகரக் கூரையில் ஆணி அடித்த வரிசையில்தான் கால் வைக்க வேண்டும், கீழே கட்டை இருப்பது அங்கேதான். அப்படியே நடந்துபோய்த் தட்டின் பக்கத்தில் உட்கார்ந்தேன். தட்டின் முன்னால் சிக்னலை வாங்கும் எல்என்பி மூடியில் குளவி மண்கூடு கட்டியிருந்தது, அதைத் தட்டிவிட்டேன். பிறகு ஸ்பேனரை எடுத்து ஒரு போல்ட்டை அரைச் சுற்று தளர்த்தி, அதே அரைச் சுற்று முறுக்கினேன். அந்த அரைச் சுற்றுக்கு ஒரே காரணம், கீழே சத்தம் கேட்க வேண்டும். குளவிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு எனக்கு நானே பல தடவை வாதாடியிருக்கிறேன், அது நிஜமாகவே செய்த வேலைதானே என்று. அரைச் சுற்று வந்ததும் வாதம் நின்றுவிடுகிறது.

இறங்கி வந்தபோது அந்த சேனலில் பழைய பந்தயம் ஒன்று மறுஒளிபரப்பாக ஓடிக்கொண்டிருந்தது. மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. "பேரை மாத்திட்டானுங்க மாமா" என்றேன். இது உண்மை. அதோடு நிறுத்தியிருக்கலாம். நாற்பது வெள்ளி (ரிங்கிட்) கேட்க அது போதாது என்று தோன்றியிருக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்ததைச் சொல்லியிருக்க மாட்டேன். "தட்டும் கொஞ்சம் நகர்ந்திருந்துச்சு, திருப்பி வெச்சிருக்கேன்."

பாருங்கள், எழுதும்போது கை தானாக "நகர்ந்திருந்துச்சு" என்றுதான் எழுதுகிறது.

அவர் மைலோ டின்னிலிருந்து நான்கு பத்து வெள்ளி நோட்டை எடுத்து நீவிக் கொடுத்தார். அந்த வருட ஜனவரியில்தான் தீபகற்ப மலேசியாவில் குறைந்தபட்ச சம்பளம் மாதம் 900 வெள்ளி என்று சட்டம் நடப்புக்கு வந்திருந்தது. 26 நாளால் வகுத்துப் பாருங்கள், ஒரு நாளுக்கு 35 வெள்ளிகூட வராது. தோட்டத்தில் ஒருவர் ஒரு நாள் முழுக்க வெயிலில் நின்று வாங்குவதைவிட அதிகமாக, நான் ஒரு போல்ட்டுக்கு வாங்கினேன். ஆனால் பெட்ரோல் இருக்கிறது, அரை நாள் போனது இருக்கிறது, "போனேன் வந்தேன், அதுக்குக் காசு குடுங்க" என்று கேட்டிருந்தாலும் அவர் கொடுத்திருப்பார். கேட்டிருந்தால். இதுதான் இடிக்கிறது.

அவருக்கு அந்த சேனல் என்ன என்பது எனக்குத் தெரியாமல் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் டிராக்டர் ஓட்டியவர். காரின் வளைவு, பிரேக், டயர் தேய்வது, இதையெல்லாம் உடம்பால் பார்ப்பார். வளைவு வந்தால் நாற்காலியில் அவர் தோள் சாயும். 2005ல் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணி காரில் வந்தபோது, லயத்தில் எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்து "நம்மூருப் பையன்" என்று காட்டினவர். 2012ல் நம் செப்பாங் பந்தயத் திடலில் ஜெர்மன் வீரர் வெட்டலின் டயர் நரேன் காரில் பட்டுக் கிழிந்து, வெட்டல் கண்டபடி பேசியதை ஒரு வருடம் கழித்தும் கோபம் குறையாமல் சொல்வார். எங்கள் அலெக்ஸ் யூங் மினார்டி அணியில் ஓட்டியதும் அவருக்கு மனப்பாடம். இதெல்லாம் அவருக்கு ஈஎஸ்பிஎன், ஸ்டார் ஸ்போர்ட்ஸ் வழியாக வந்தது.

எனக்கும்தான். பட்டணத்து ஒட்டுக்கடையில் ஒரு டீ வாங்கி வைத்துக்கொண்டு, ராத்திரி பிரீமியர் லீக் ஆட்டங்களை அதில்தான் பார்த்து வளர்ந்தேன். சிங்கப்பூர் டிவி அரங்கில் வெள்ளைக்காரர்கள் பக்கத்தில் நம் நாட்டு முன்னாள் கால்பந்து வீரர் செபி சிங் உட்கார்ந்து ஆட்டத்தைப் பிரித்துப் போடும்போது, ஏதோ நம் தாமான் குடியிருப்பிலிருந்து ஒருவர் போய் உட்கார்ந்த மாதிரி இருக்கும். தட்டு மாட்டும் வேலைக்கு நான் வந்ததே அந்த ஆசையில்தான் என்று நினைக்கிறேன். அதனால் அதன் கதை எனக்கு ஓரளவு தெரியும். 1991ல் ஹாங்காங்கிலிருந்து ஸ்டார் டிவி வந்தபோது விளையாட்டுக்கு இருந்தது பிரைம் ஸ்போர்ட்ஸ். அப்போது இங்கே வீட்டில் தட்டு வைக்க அனுமதி இல்லை. 1996 ஜனவரியில் மீசாட் செயற்கைக்கோள் மேலே போய், அதே வருடம் ஆஸ்ட்ரோ டிவி சேவை வந்த பிறகுதான் நமக்கெல்லாம் வானம் திறந்தது. ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டிருந்த ஈஎஸ்பிஎன்னும் ஸ்டாரும் பாதிப் பாதி கூட்டுச் சேர்ந்ததும் அதே 1996ல்தான். ஈஎஸ்பிஎன் முதலாளி டிஸ்னி ஒரு பக்கம், ஸ்டார் முதலாளி முர்டோக் ஒரு பக்கம், நடுவில் சிங்கப்பூரில் தலைமையகம். 2006ல் ஐசிசி கிரிக்கெட் உரிமையை மட்டும் 2015 வரைக்கும் சேர்த்து 110 கோடி அமெரிக்க டாலருக்கு எடுத்தார்கள். 2012ல் முர்டோக் தரப்பு மறுபாதியையும் வாங்கியது, அதனால்தான் பெயர் மாறியது. 2019ல் அந்த ஃபாக்ஸ் சொத்துகளை டிஸ்னியே வாங்கியது. ஏழு வருடம் முன்னால் கைவிட்டுப் போனதைத் திரும்ப வாங்கி, 2021 அக்டோபர் 1ம் தேதி மூடிவிட்டது.

இதை நான் ஒரு காலத்தில் என் பக்கம் சாட்சியாக வைத்திருந்தேன். அவ்வளவு பெரிய இடங்களில் கோடி கோடியாகக் கைமாறி, பெயரை அழித்து எழுதும்போது, தோட்டத்துக் கிழவர் ஒருவருக்கு ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்லப் போனவன் நான் ஒருவன்தான், அதற்கு நாற்பது வெள்ளி என்று. ஆனால் நான் சொல்லவில்லையே. தட்டு நகர்ந்தது என்றுதானே சொன்னேன்.

சரி, 2021. நான் தட்டு வேலையை விட்டுவிட்டுப் பட்டணத்தில் கைப்பேசி பழுது பார்க்கும் சின்னக் கடை வைத்திருந்தேன். அக்டோபர் முதல் வாரத்தில் பழைய நம்பருக்கு அழைப்பு. "தம்பி, ஈஎஸ்பிஎன் மறுபடி போச்சுப்பா." எட்டு வருடமாக அவர் ஃபாக்ஸ் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. இந்த முறை போனிலேயே உண்மையைச் சொன்னேன். "மூடிட்டாங்க மாமா. இந்தப் பக்கத்து நாடுகள்ல எங்கேயும் வராது. சேனலே இல்ல."

அவர் சிரித்தார். "அன்னைக்கும் நான் அப்படித்தான்யா நெனச்சேன். நீ வந்து தட்டத் திருப்புன, வந்துச்சுல்ல?"

போனைக் கையில் வைத்துக்கொண்டு கடையில் அப்படியே நின்றேன். அப்போதே சொல்லியிருக்கலாம். முகம் பார்க்காமல் சொல்வது சுலபம். நேரில் போய்ச் சொல்வதுதான் மரியாதை என்று அந்த நேரத்தில் தோன்றியது, ஞாயிற்றுக்கிழமை போனேன். இப்போது நினைத்தால், தள்ளிப்போடுவதற்கு மரியாதையைவிட நல்ல பெயர் எனக்குக் கிடைக்கவில்லை.

போய்ப் பார்த்தால் தட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. நான் வர நான்கு நாளாகும் என்று தெரிந்ததும், பக்கத்து வீட்டுப் பையனைக் கூரையில் ஏற்றி, இவர் கீழே நின்று "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று திருப்பச் சொல்லியிருக்கிறார். எல்லா சேனலும் போய்விட்டது. அத்தைக்கு நாலு நாளாக வானவில் தமிழ் சேனல் இல்லை, நாடகம் இல்லை. "இவரு அதத் திருப்புனா வரும் வரும்னு" என்று அத்தை என்னிடம் குறைபட்டார். அந்தப் பையன் ஈரத் தகரத்தில் ஆணி வரிசை தெரியாமல் ஏறி இறங்கியிருக்கிறான். வழுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதற்கு மேல் என்னால் யோசிக்க முடியவில்லை.

இந்தத் தடவை தட்டு உண்மையாகவே நகர்ந்திருந்தது.

ஏறினேன். நம் ஊரில் அந்தச் செயற்கைக்கோள் ஏறக்குறைய தலைக்கு மேலேயே, மேற்கே கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது. விரல் அகலம் தப்பினாலும் போச்சு. பழக்கம் விட்டுப்போனதால் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. 2013ல் அரைச் சுற்று சுற்றிய அதே போல்ட், துரு ஏறியிருந்தது. கீழேயிருந்து அத்தை "வந்துருச்சு, வந்துருச்சு" என்று கத்தினார். இறங்கினேன். மாமா ரிமோட்டோடு அவருடைய சேனலுக்குப் போனார். ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்தார்.

வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. "மாமா, அன்னைக்குத் தட்டு நகரவே இல்ல. பேரு மட்டும்தான் மாறுச்சு." மோட்டாரில் வரும்போது வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தது. நான் சொன்னது, "இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியல மாமா."

அவர் தலையாட்டிவிட்டு மைலோ டின்னை எடுக்கப் போனார். அதே டின்னா, வேறா, தெரியவில்லை. எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. "வேணாம் மாமா, நீங்க சொன்ன வேலை ஆகலையே" என்றேன். எவ்வளவோ வற்புறுத்தினார், வாங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்றிருந்தார். மாமா அவரிடம் திரும்பி, "பாத்தியா, வேல ஆகலேன்னா காசு வாங்க மாட்டான். அன்னைக்கு வேல ஆச்சு, வாங்குனான்" என்றார்.

சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பல விதமாக ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஒரு விதத்தில் அவர் சிரித்துவிட்டு விட்டுவிடுகிறார். இன்னொரு விதத்தில் ஒன்றும் பேசாமல் உள்ளே போகிறார். சொல்லாமல் விட்டது அவருக்காகத்தான், நம்பின ஒருவனை அவரிடமிருந்து பறிப்பானேன் என்று சில நாள் நிஜமாகவே தோன்றும். ஆனால் அந்த நம்பிக்கையால்தானே அந்தப் பையன் கூரையில் ஏறினான். அப்புறம், அன்று மறுத்த நாற்பது வெள்ளியைக் கணக்குத் தீர்ந்ததாக மனது ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறது. அதை அழிக்கவும் முடியவில்லை, ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை.

அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்து ஆட்கள் கைப்பேசி கெட்டால் என் கடைக்குத்தான் வருகிறார்கள், மாமா சொல்லி அனுப்புகிறார். போன வாரம் ஒரு பெண் வந்தார், சார்ஜ் ஏறவில்லை என்று. பார்த்தேன், வயர்தான் போயிருந்தது, கைப்பேசியில் ஒன்றும் இல்லை. "வேற வயர் வாங்கிக்கம்மா, அது போதும்" என்று சொல்லிக் கொடுத்து அனுப்பினேன், காசு வாங்கவில்லை. "டிராக்டர் தாத்தா சொன்னது சரிதான்ணே" என்றார் அந்தப் பெண். தாத்தா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"நல்லா இருக்காரு. மழ பேஞ்சு விட்டா வெளிய வந்து நின்னு தட்டத்தான் பாத்துக்கிட்டு இருப்பாரு."