லைட் போஸ்ட் இலக்கம் கேட்ட சபையும் எங்கள் விழிப்புக் குழுவும்

எங்கள் பகுதிக் கூட்டத்துக்கு ஒருவழியாக உள்ளூராட்சிச் சபையிலிருந்து ஓர் உத்தியோகத்தர் வந்தார், கதிரையில் உட்கார்ந்தார், நாங்கள் சொன்னதை எழுதினார், கீழே கையெழுத்தும் போட்டார். இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் எரியாத தெருவிளக்குக்காக ஒரு சபைக் கந்தோரில் ஏறி இறங்கியிருக்கமாட்டார்கள். எந்தச் சபை, எந்த மேசை என்று நான் எழுதப்போவதில்லை. திருகோணமலை மாவட்டத்தில் சபைகள் பல இருக்கின்றன, இதே கதை வேறு கந்தோரிலும் நடந்திருக்கும். இதே வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன், அதோடு எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை, அதுவும் ஒரு காரணம்.

நாங்கள் இருப்பது நிலாவெளி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில். தமிழ்க் குடும்பங்கள்தான் கூடுதல், முஸ்லிம் குடும்பங்களும் சிங்களக் குடும்பங்களும் இருக்கின்றன. பிரச்சினை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒழுங்கையின் நடுவில் விளக்குகள் எரிவதில்லை. உரிமையாளர்கள் வெளிநாட்டில் இருக்கும் காணிகள் பற்றை மண்டிக் கிடக்கின்றன. பொழுதுபட்டால் அங்கே யார் யாரோ மோட்டார் சைக்கிளில் வந்து நின்று போகிறார்கள், ஐஸ் போதைப்பொருள் விற்கிறார்கள் என்று ஊரே சொல்கிறது. டியூசன் விட்டு வரும் பிள்ளைகளைக் கூட்டிவர ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் ரோச் லைட்டோடு சந்தியில் நிற்க வேண்டியிருந்தது. பக்கத்து ஒழுங்கை அக்காவின் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போன பிறகுதான் ஒரு விழிப்புக் குழு வேண்டும் என்று எல்லோரும் வாய்திறந்து கதைத்தோம்.

பொலிஸிடம் போனால் உங்கள் பிரிவுக்கு ஏற்கெனவே சிவில் பாதுகாப்புக் குழு இருக்கிறதே என்றார்கள். இப்போது இதைச் சமுதாயப் பொலிஸ் குழு என்றும் சொல்கிறார்கள். ஜி.எஸ். (கிராம உத்தியோகத்தர்) ஊடாகப் பட்டியலை எடுத்துப் பார்த்தோம். அதில் ஒருவர் காலமாகிவிட்டார், ஒருவர் கனடாவில், இன்னொருவருக்குத் தன் பெயர் அதில் இருப்பதே தெரியாது. சரி, புதுப்பிப்போம் என்று வீடுவீடாகப் போனோம். எல்லோரும் தேத்தண்ணி தந்தார்கள், ஒருவரும் பெயர் தரவில்லை.

நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. பொலிஸ் பதிவுக்கு எங்கள் ஊரில் ஒரு வரலாறு இருக்கிறது. வீட்டில் யார் யார் என்று படிவம் நிரப்பிக் கொடுத்து, யுத்தகாலச் சுற்றிவளைப்பு நாட்களில் அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வெயிலில் நின்றவர்கள் இன்றைக்கும் அதே வீடுகளில்தான் இருக்கிறார்கள். பெயர், போன் நம்பர், கையெழுத்து என்று ஒரு தாளை நீட்டினால் அவர்களுக்கு வேறு ஞாபகம்தான் வரும். பொலிஸ் கூப்பிட்டால் வரமாட்டோம், சபை கூப்பிட்டால் வருவோம் என்று ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர் நேரடியாகவே சொன்னார். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. விளக்கும் குப்பையும் வடிகாலும் சபையின் வேலை. அந்தப் பெயரில் கூடினால் யாருக்கும் பயமில்லை, பொலிஸார் அங்கே விருந்தாளியாக வரட்டும். அப்படித்தான் சபையைப் பிடிக்கப் புறப்பட்டோம்.

நாங்கள் தொடங்கிய நேரம் சரியில்லை. 2018 இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்து, தேர்தல் தள்ளித் தள்ளிப் போய் 2025 மே 6 இல்தான் நடந்தது. இடையில் உறுப்பினர்களே இல்லை, எல்லாம் செயலாளரின் கையில். சாதாரண ஒரு கடிதத்துக்குக்கூட 'சபை வந்த பிறகு பார்ப்போம்' என்ற பதில் தயாராக இருந்தது. சபை வந்த பிறகு அதே மேசையில் 'புதுச் சபைதானே, கொஞ்சம் பொறுங்கள்' என்றார்கள்.

கடிதம் கொடுக்கப் போன அன்று மேசையில் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வீட்டில் ஆம்பிளையள் ஒருத்தரும் வரல்லையா அக்கா?" என்றார். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர் நான்தான் தம்பி, கடிதத்தில் சீல் இருக்கிறது பாருங்கள் என்றேன். பார்த்தார். பிறகு, இது சனசமூக நிலையத்தின் ஊடாக வரவேண்டும், உங்கள் நிலையத்தின் பதிவு புதுப்பிக்கப்படவில்லை, அதைச் செய்துகொண்டு வாருங்கள் என்றார். பாதுகாப்புக் கூட்டத்துக்கும் சனசமூக நிலையப் பதிவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் "நடைமுறை அப்படி" என்றார். எந்தச் சுற்றுநிருபம் என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

பதிவைப் புதுப்பிக்கப் பொதுக்கூட்ட அறிக்கை, நிர்வாகப் பட்டியல், கணக்கறிக்கை, ஜி.எஸ். சிபார்சு எல்லாம் கேட்டார்கள். கொண்டுபோனோம். வங்கிப் புத்தகத்தின் பிரதி இல்லை என்று திருப்பினார்கள், முதலில் தந்த பட்டியலில் அது இருக்கவே இல்லை. ஆகவே, என்னென்ன வேண்டும் என்று சொன்னால் வாயால் கேட்டுக்கொண்டு வராதீர்கள். ஒரு தாளைக் கொடுத்து அவர்களின் கையாலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தந்த பிறகு புதிதாக ஒன்றைச் சேர்க்க அவர்களுக்கே கூச்சமாக இருக்கும். கடிதம் கொடுக்கும்போது இரண்டாவது பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் நகராதீர்கள். "வைத்துவிட்டுப் போங்கள் அக்கா" என்பதை நம்பி வைத்துவிட்டு வந்த எங்கள் முதல் கடிதம் எந்தக் கோவையிலும் இல்லை.

அடுத்தது விளக்கு. கம்பமும் கம்பியும் மின்சார சபையுடையவை, அதில் தொங்கும் தெருவிளக்கு உள்ளூராட்சிச் சபையின் பொறுப்பு, பிரதான வீதியோ வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கையில். இது தெரிந்துதான் போனோம், தெரிந்தும் அலையவிட்டார்கள். சபையில் கேட்டால் லைனில் பிழை, மின்சார சபைக்குப் போங்கள். அங்கே கேட்டால் லைனில் ஒன்றுமில்லை, லைட்தான் பழுது, சபைக்குப் போங்கள். பொதுமக்கள் தினம் என்று பலகையில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்த நாளிலேயே போய் விறைக்க விறைக்க உட்கார்ந்திருந்து, தொழில்நுட்ப உத்தியோகத்தர் களத்துக்குப் போய்விட்டார் என்ற செய்தியோடு ஓட்டோவுக்குக் காசு கொடுத்துத் திரும்பி வந்தோம். களம் எது என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை.

கடைசியில் அவரைப் பிடித்தபோது கம்ப இலக்கங்கள் வேண்டும் என்றார். இலக்கம் இல்லாமல் வேலை ஆட்களை அனுப்ப முடியாதாம். அந்தக் கோரிக்கையில் நியாயம் இருந்தது, முதல் நாளே சொல்லியிருக்கலாம் என்பதுதான் என் கோபம். நானும் கடை நானாவும் மாஸ்டரின் பேரனும் ஒழுங்கை ஒழுங்கையாக இறங்கினோம். எங்கள் லைட் போஸ்ட்களில் இலக்கத்தைக் கண்டுபிடிப்பது ஒரு தொல்பொருள் ஆய்வு. மேலே டியூசன் நோட்டீஸ், அதைச் சுரண்டினால் ஒரு 31 ஆம் நாள் நினைவஞ்சலி, அதன் கீழே போன தேர்தல் வேட்பாளர் ஒருவரின் மூக்குக்கண்ணாடி, அவரையும் உரித்து எடுத்தால்தான் மங்கிய பெயின்ட்டில் இலக்கம் தெரியும். பேரன் ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்தான். சில கம்பங்களில் விளக்கைத் தாங்கும் இரும்பையே உப்புக்காற்று தின்றுவிட்டிருந்தது, பல்ப் மாற்றி அங்கே பயனில்லை. அதையும் தனியாகக் குறித்தோம். இலக்கம், எந்த வீட்டுக்கு முன்னால், பல்ப் இல்லையா இரும்பு போய்விட்டதா, பகலிலும் எரிகிறதா என்று ஒரு அட்டவணை போட்டு, படங்களோடு கொடுத்தோம். அந்த உத்தியோகத்தர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது எங்களிடமே இல்லாத லிஸ்ட்" என்றார். அன்று முழுக்க அந்த ஒரு வசனத்தைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

லிஸ்ட் கொடுத்தும் ஒன்றும் அசையவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கையில் எடுத்தது அதன் பிறகுதான். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஆர்.டி.ஐ. 01 படிவத்தை நிரப்பி, தெருவிளக்குப் பராமரிப்புக்கு இந்த வருடம் ஒதுக்கிய பணம் எவ்வளவு, எந்த ஒழுங்கைகளில் செலவானது, எங்கள் கடிதத்துக்கு என்ன நடவடிக்கை என்று மூன்று கேள்விகள் மட்டும் கேட்டோம். கதையெல்லாம் எழுதாதீர்கள், கேள்வி குறுகலாக இருந்தால் நழுவ இடமில்லை. தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதே நிறுவனத்தில் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு. எங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. பதில் கடிதம் வருவதற்கு முன்பே ஏணியோடு ஒரு வாகனம் ஒழுங்கைக்குள் வந்துவிட்டது!

பற்றைக் காணிகளின் கதை வேறு. சமூகவிரோதிகள் கூடுகிறார்கள் என்று எழுதிய கடிதத்துக்குச் சபை 'பொலிஸுக்கு அறிவிக்கவும்' என்றது, பொலிஸ் 'காணி தனியாருடையது' என்றது. கடை நானாதான் வழி சொன்னார்: "இதை நுளம்புப் பிரச்சினையாக்குங்க தங்கச்சி." 2017 இல் கிண்ணியாவில் டெங்கு ஆடிய ஆட்டத்தை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. 2007 இன் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தில் காணிக்காரர் மீது நேரடியாகவே நடவடிக்கை எடுக்கலாம். மாரி தொடங்கும் நேரம் பார்த்து, சிரட்டையும் யோகட் கப்பும் பழைய டயரும் தண்ணீரோடு கிடக்கும் படங்களைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கொடுத்தோம். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்த்துவிட்டுப் போனார். காணிக்காரர் யாரென்று தெரியாதே என்ற கேள்வி வந்தது. சோலைவரிப் பதிவேட்டில், அதாவது சபைக்கு வீடு காணிக்குக் கட்டும் வரியின் பதிவேட்டில், யாருடைய பெயர் இருக்கிறது என்று சபைதான் பார்க்க வேண்டும் என்றோம். பெயர் இருந்தது, வரியை ஊரிலிருக்கும் ஒரு மருமகன் கட்டிக்கொண்டிருந்தார். பற்றை வெட்டப்பட்டது, மோட்டார் சைக்கிள்கள் வேறிடம் பார்த்துக்கொண்டன. வேறிடம் என்றால் இன்னொருவருடைய ஒழுங்கை, அது எனக்கும் தெரியும்.

இப்போது கூட்டம். சபையின் பெயரில், சனசமூக நிலையத்தில், மாலை நேரத்தில். மொழி விடயத்தில் ஒரு குறிப்பு: வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரையே சொல்கிறது, ஆனாலும் பொலிஸுக்குப் போன அழைப்பை வாசிக்க ஆளில்லை என்று ஒரு கிழமை கிடப்பில் போட்டார்கள். உரிமையைப் பற்றிச் சண்டை பிடிக்கலாம், பிடிக்கவும் வேண்டும், ஆனால் எங்களுக்குக் கூட்டம் நடக்க வேண்டியிருந்தது. துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற எங்கள் சிங்கள அயலவர் ஒருவர் அதைச் சிங்களத்தில் எழுதித் தந்ததோடு நில்லாமல், தானே ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டும் வந்தார்.

கூட்டத்துக்கு மாஸ்டர் சொன்னபடியே ஆட்கள் வந்தார்கள். பெயர் தராமல் தேத்தண்ணி மட்டும் தந்த வீடுகளிலிருந்தும் வந்தார்கள். புதிதாகத் தெரிவான உறுப்பினர் ஒருவரும் வந்து, முன்வரிசையில் நின்று படம் எடுத்து, விளக்குப் போட்டது தான்தான் என்கிற மாதிரி பேஸ்புக்கில் போட்டுக்கொண்டார். பிறகு குழுவின் பெயர்ப் பலகையில் தன் பெயரும் வந்தால் நல்லது என்று ஒருவர் மூலம் சொல்லியனுப்பினார். மறுத்துவிட்டோம். இதில் இளகவே கூடாது. ஒரு கட்சியின் வாசம் பட்டால் அடுத்த கூட்டத்துக்குப் பாதிப் பேர் வரமாட்டார்கள். உறுப்பினர் வரட்டும், குறையைக் கேட்கட்டும், சபை அமர்வில் பேசட்டும், அது அவருடைய வேலை. பிரதேச சபைச் சட்டத்திலேயே சபையின் குழுக்களில் ஊரவரைச் சேர்த்துக்கொள்ள இடம் இருக்கிறது, அதை நடைமுறைப்படுத்தித் தாருங்கள் என்று அவரிடம் எழுதிக் கேட்டிருக்கிறோம். இன்னும் பதில் இல்லை.

கூட்டத்தில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். எந்த வேலை, யார் பொறுப்பு, எந்தத் திகதிக்குள் என்று அங்கேயே எழுதி, கலைவதற்கு முன்பு சபை, பொலிஸ், ஜி.எஸ். மூவரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வீட்டுக்குப் போய் நீட்டாக டைப் பண்ணி அனுப்புகிறோம் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள், கைப்பிரதி போதும். போட்டோகொப்பி ஜி.எஸ்.ஸிடம் ஒன்று இருக்கட்டும். எங்கள் குழுவில் இரவுக் காவலும் பொல்லும் கிடையாது என்று முதல் வரியிலேயே எழுதிவைத்தோம். யாரையாவது பிடித்துக் கட்டிவைத்து அடித்து, பிறகு நாங்களே வழக்கில் நிற்கும் நிலை வரக்கூடாது. பார்க்கிறோம், அறிவிக்கிறோம், அவ்வளவுதான்.

இப்போதைக்கு ஒழுங்கையில் பெரும்பாலான விளக்குகள் எரிகின்றன. இரும்பு உக்கிப்போன கம்பங்களுக்கு அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் பார்ப்போம் என்று குறிப்பில் கையெழுத்தோடு இருக்கிறது. கட்டாக்காலி மாடுகள் அடுத்த கூட்டத்துக்குப் போடப்பட்டிருக்கின்றன, அதைச் சொன்னவுடன் சபை உத்தியோகத்தரின் முகம் போன போக்கைப் பார்த்தால் அது விளக்கைவிட நீளமாக இழுபடும் போலிருக்கிறது. புதிதாகப் போட்ட விளக்குகளில் ஒன்று, எங்கள் வீட்டுக்கு முன்னால் இருப்பது, நட்டநடு மத்தியானத்திலும் எரிகிறது. அதன் கம்ப இலக்கம் என்னிடம் இருக்கிறது, கடிதமும் எழுதிவிட்டேன், முத்திரைதான் வாங்கவேண்டும்.