மாமனார் கண்டுபிடித்த கதவு எண்

கும்பகோணத்தில் தபால் பட்டுவாடா செய்தே தம் பணிக்காலம் முழுவதையும் கழித்து ஓய்வுபெற்றவர் என் மாமனார். எந்த ஊரின் பெயரைச் சொன்னாலும் அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று அவர் கேட்பதில்லை. அங்கே கதவு எண்கள் எப்படிப் போகின்றன என்றுதான் கேட்பார். கோடை விடுமுறைக்கு ம்யூனிக்கில் எங்களோடு தங்கியிருந்தவரை வெனிஸுக்கு அழைத்துச் செல்வதென்று முடிவானபோது, என் கணவர் கால்வாய்களையும் மாளிகைகளையும் வருணித்துக்கொண்டிருக்க, மாமா தங்குமிடத்தின் விலாசத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல தெருப் பேரே இல்லையேடா" என்றார். உண்மையில் அதில் காஸ்தெல்லோ என்ற ஒரு பெயரும், 5800-ஐத் தாண்டிய ஓர் எண்ணும் மட்டுமே இருந்தன. இத்தனை வீடுகள் உள்ள தெரு உலகத்தில் எங்கேயும் இருக்க முடியாது என்று அவர் அடித்துச் சொன்னார்.

அவர் சொன்னது சரிதான். வெனிஸின் பழைய நகரம் சான் மார்க்கோ, காஸ்தெல்லோ, கன்னரேஜோ, டோர்சோதூரோ, சான் போலோ, சாந்தா குரோச்சே என்று ஆறு வட்டாரங்களாகப் பிரிந்து கிடக்கிறது. மற்ற ஊர்களில் தெருவுக்குத் தெரு எண் ஒன்றிலிருந்து தொடங்கும். இங்கேயோ வட்டாரத்தின் ஏதோ ஒரு மூலையில் ஒன்று என்று ஆரம்பித்து, அதன் சந்துகள், முடுக்குகள், முற்றங்கள் அத்தனைக்குள்ளும் நுழைந்து வெளியேறி, கடைசிக் கதவு வரை ஒரே வரிசையாக எண்ணிக்கொண்டே போயிருக்கிறார்கள். சான் மார்க்கோவின் முதல் எண், வெனிஸ் தனிக் குடியரசாக இருந்த காலத்தில் அதை ஆண்ட டோஜ்களின் அரண்மனைக்கு உரியது. காஸ்தெல்லோவின் வரிசையோ ஆறாயிரத்தைத் தாண்டி ஓடுகிறது. வீட்டுக்கு ஓர் எண் என்றுகூட இல்லை, கதவுக்கு ஓர் எண் என்பதுதான் கணக்கு. பின்னாளில் யாராவது புதிதாக ஒரு கதவு வைத்தால், பக்கத்துக் கதவின் எண்ணோடு ஓர் எழுத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். ரயிலில் என் கணவர் இவற்றையெல்லாம் கைப்பேசியில் படித்துக் காட்டியபோது, ஜன்னலுக்கு வெளியே ஆல்ப்ஸ் மலைகள் ஓடிக்கொண்டிருந்ததைப் பொருட்படுத்தாமல், "பின்கோடாவது வெச்சிருக்காங்களா?" என்று மாமா கவலையோடு கேட்டார். தாம் வேலையில் சேர்வதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, 1972-இல், இந்தியாவில் நடைமுறைக்கு வந்த அந்த ஆறு இலக்கத்தின் மீது அவருக்கு எப்போதுமே தனி மரியாதை உண்டு.

வெனிஸின் பெயரைத் தாங்கிய ரயில் நிலையங்களில் முதலில் வருவது மெஸ்த்ரே. அது நிலப்பரப்பில் இருக்கிறது என்பது தெரியாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தவர்களும், தெரிந்து அவர்களை உட்கார வைத்தவர்களுமாக எங்கள் பெட்டியில் சிறிது நேரம் ஒரே அமளி. அதற்கப்பால் 1846-இல் திறக்கப்பட்ட ரயில் பாலத்தின் வழியாகக் கடற்கழியைக் கடந்து சாந்தா லூச்சியா நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால், படிக்கட்டு முடிகிற இடத்தில் சாலை இருக்க வேண்டிய இடமெல்லாம் தண்ணீராக இருக்கிறது. இங்கே காரும் பஸ்ஸும் வர வழியில்லை. சைக்கிள் ஓட்டவும் தடை. உள்ளூர்ப் பஸ்ஸின் வேலையைச் செய்வது வாபொரெத்தோ எனப்படும் பயணிகள் படகு. அதில் ஒருமுறை செல்வதற்கான சீட்டின் விலை 9.50 யூரோ என்றும், நம் பணத்தில் ஆயிரம் ரூபாயை நெருங்கும் என்றும் தெரிந்தவுடன் மாமாவின் முகம் மாறிவிட்டது. சீட்டு 75 நிமிடங்கள் வரை செல்லும் என்று ஆறுதல் சொன்னோம். உடனே அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

படகுப் பயணத்தைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு துறையிலும் படகு ஊழியரான இளம்பெண் கயிற்றை இரும்புக் குற்றியில் சுற்றி இழுத்துப் பிடிக்க, படகு முனகிக்கொண்டே மிதவை மேடையோடு உரசி நிற்கும். அவர் தடுப்பைத் திறந்து ஆட்களை இறக்கி ஏற்றி, அதே கயிற்றை மணிக்கட்டின் ஓர் உதறலில் விடுவித்து, அடுத்த துறையின் பெயரைச் சொல்லிக்கொண்டே தடுப்பை மூடுவார். அத்தனையும் முடிவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. நாங்கள் ரியால்தோவில் இறங்கியபோது சீட்டில் ஐம்பது நிமிடங்களுக்கு மேல் மீதமிருந்தன. மிச்சத்துக்குக் காசு திருப்பித் தருவார்களா என்று அந்தப் பெண்ணிடம் கேட்கும்படி மாமா என்னைத் தூண்டினார், நான் கேட்கவில்லை.

இனி நடை. நூற்றுக்கும் மேற்பட்ட சிறு தீவுகளை நானூற்றுக்கும் அதிகமான பாலங்களால் தைத்து வைத்திருக்கும் ஊர் இது. அநேகமாக எல்லாப் பாலங்களும், அடியில் படகு போவதற்காக நடுவில் உயர்ந்து, இருபுறமும் படிகளாக இறங்குகிறவை. எனவே சக்கரம் வைத்த பெட்டி இங்கே பாதி வழிக்குத்தான் பெட்டி. மீதி வழிக்குச் சுமை. என் கணவரும் நானும் பெட்டியைச் சப்பரம் தூக்குவதைப் போல முன்னொருவர் பின்னொருவராகத் தூக்கிக்கொண்டு படியேறியபோது, உள்ளூர்ச் சுமைகாரர் ஒருவர் ஏழெட்டுப் பெட்டிகளை ஒரே தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டு எங்களைக் கடந்து போனார். அவருடைய வண்டியில் முன்பக்கம் இரண்டு சின்னச் சக்கரங்கள் கூடுதலாக இருந்தன. அவற்றை மேல்படியில் ஊன்றி, பெரிய சக்கரத்தைப் பின்னாலிருந்து உந்தி, படிப்படியாக வண்டியை ஏற்றிவிடுகிறார். மாமா நின்று, குனிந்து, அந்த வண்டியின் அச்சு வரை பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

வழிகாட்டும் பொறுப்பு என் கணவரின் கைப்பேசியிடம் இருந்தது. இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்துகளில், இருபுறமும் நான்கு மாடிச் சுவர்கள் எழும்பி நிற்க, அந்தக் கருவிக்கு வானமே தெரிவதில்லை போலும். எங்களைக் குறிக்கும் நீலப்புள்ளி சில சமயம் கால்வாய்க்கு நடுவே மிதந்தது. சில சமயம் நாங்கள் அசையாமல் நிற்கும்போதே ஒரு தேவாலயத்துக்குள் புகுந்து மறுபக்கம் வெளியேறியது. எப்படியோ அது எங்களை ஒரு குகைவாயில் போன்ற வளைவின் கீழாக ஒரு முற்றத்துக்குள் கொண்டுபோய், வந்து சேர்ந்துவிட்டதாக அறிவித்தது. கதவின் மேல் பார்த்தால் எங்களிடமிருந்த அதே எண். மணியை அழுத்தினோம். இரண்டாம் மாடி ஜன்னல் திறந்து, ஒரு மூதாட்டி எங்கள் பெட்டிகளை ஒரு பார்வை பார்த்தார். நாங்கள் வாய் திறப்பதற்குள், "காஸ்தெல்லோ!" என்று ஒரே ஒரு சொல்லைச் சொல்லி, கையைத் தென்கிழக்காக நீட்டிவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டார். எங்களைப் போன்றவர்கள் அவருக்குப் புதிதல்ல என்பது அந்த வேகத்திலேயே தெரிந்தது.

விஷயம் இதுதான்: ஆறு வட்டாரங்களும் தனித்தனியே எண்ணப்பட்டிருப்பதால் ஒரே எண் பல இடங்களில் வரும். அதிலும் ரியால்தோவுக்கு அருகே கன்னரேஜோவின் 5800-களும் காஸ்தெல்லோவின் 5800-களும் சில நிமிட நடைத் தொலைவில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. கைப்பேசி வட்டாரத்தின் பெயரை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு எங்களைக் கன்னரேஜோவில் சேர்த்திருக்கிறது. ஒரு லாபம் என்னவென்றால், நாங்கள் நின்றிருந்த இடம் மார்க்கோ போலோவின் குடும்ப வீடு இருந்ததாகச் சொல்லப்படும் மிலியோன் முற்றத்தை ஒட்டியிருந்தது. பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தைப் பற்றி விவரம் சொல்லிவைத்த மனிதர், சீனம் வரை போய்விட்டு இந்தச் சந்துக்குள் தன் வீட்டைத் தேடித் திரும்பி வந்திருக்கிறார் என்பதில் எதை வியப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மாமாவுக்கு அந்தக் குழப்பம் இல்லை. "அப்போ நம்பர் போடலை, அதனால வந்துட்டார்" என்றார்.

அங்கிருந்து நாங்கள் வழி கேட்ட ஒவ்வொருவரும் நேரே போகச் சொன்னார்கள். இருபது அடிக்கு ஒருமுறை முறுக்கிக்கொண்டு திரும்புகிற ஊரில் இதை எப்படி நிறைவேற்றுவது என்று எவரும் சொல்லவில்லை. சுவர்களில் மஞ்சள் நிறப் பலகைகள் ரியால்தோவுக்கும் சான் மார்க்கோவுக்கும் அம்பு காட்டின. ஓரிடத்தில் சான் மார்க்கோவுக்கு இடப்பக்கம் ஓர் அம்பும் வலப்பக்கம் ஓர் அம்பும் ஒரே சுவரில் இருந்தன. இரண்டு வழியாகவும் போய்ச் சேரலாம் என்பதால் அதில் பொய் இல்லை.

இந்த நேரத்தில்தான் தபால்காரப் பெண்மணி வந்தார். தள்ளுவண்டியைப் பாலத்தின் படிகளில் டொக்கு டொக்கென்று இறக்கிக்கொண்டு வந்தவரின் இடது கையில் ஒரு கடிதக் கட்டு இருந்தது. மேலே இருந்ததைக் கட்டைவிரலால் தள்ளி, முகவரியைப் பார்க்காமலேயே பெட்டியில் செருகிவிட்டு அடுத்த கதவுக்குப் போனார். மாமா அந்தக் கையையே கண்கொட்டாமல் பார்த்தார். தபால்காரர் நடக்கிற வரிசையில்தான் கடிதங்களை அடுக்குவார் என்றும், ஆகவே அந்தக் கட்டு போகிற வழியிலேயே எண்களும் போகும் என்றும் எங்களிடம் சொல்லிவிட்டு, அனுமதி எதுவும் கேட்காமல் அவர் பின்னே நடக்கத் தொடங்கினார். பெட்டிகள் கற்களில் கடகடக்க நாங்களும் சென்றோம். அவர் நின்றால் நாங்கள் நின்றோம். அவர் முற்றத்துக்குள் நுழைந்தால் நாங்களும் நுழைந்தோம். மூன்றாவது முற்றத்தில் அவர் திரும்பி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்களை ஏற இறங்கப் பார்த்தார். மாமா தம் தோளில் இல்லாத பையைத் தட்டிக்காட்டி, இல்லாத கடிதத்தை இல்லாத பெட்டியில் போட்டு, நெஞ்சில் கை வைத்து, "இந்தியா போஸ்ட்" என்றார். அந்தப் பெண்மணி வாய்விட்டுச் சிரித்த சிரிப்பில் மாடி ஜன்னல் ஒன்று திறந்தது.

அதன் பிறகு இருவரும், ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமலேயே, துறைசார்ந்த உரையாடல் ஒன்றை நிகழ்த்தினார்கள். அதன் முடிவில் அந்தப் பெண்மணி சுவரில் உள்ளங்கையை வைத்து, அதை எடுக்காமலேயே கதவுகளின் ஓரமாக நடந்து, ஒரு முட்டுச் சந்துக்குள் நுழைந்து, மறுபக்கச் சுவரைத் தடவிக்கொண்டே திரும்பி வந்து காட்டினார். மாமாவுக்குப் புரிந்துவிட்டது. வெள்ளைப் பூச்சின் மேல் எழுதிய எண்கள் எதிர்வாசலுக்குத் தாவுவதே இல்லை. சுவரைப் பிடித்தபடியே சுற்றிச் சுற்றிப் போகின்றன. அதனால்தான் கை எட்டுகிற தூரத்தில் உள்ள எதிர்வீட்டுக்கு நாற்பது எண் தள்ளியிருக்க, கண்ணில் படாத முற்றத்துக்குள் அடுத்த எண் ஒளிந்திருக்கிறது. மாமா ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொண்டார். பாரதீஸோ சந்தில், தலைக்கு மேலே இருபுறமும் மர உத்தரங்கள் நீட்டிக்கொண்டிருக்கும் வழியாக நடந்து, ஒரு வளைவின் கீழ் குனிந்து, ஒரு முற்றத்தைச் சுற்றி, குப்பைப்பை ஒன்றைத் தாண்டி, எங்கள் கதவின் முன்னால் போய் நின்றார். அந்தக் கதவுக்குள் மூன்று மாடிகளுக்கு லிஃப்ட் இல்லாத படிக்கட்டு இருந்தது என்பது வேறு கதை.

மறுநாளிலிருந்து கைப்பேசி பையிலேயே இருந்தது. மாமா சொன்ன இடத்தில் திரும்பினோம், சொன்ன இடத்தில் நின்றோம். அரை மணி நேர கோண்டோலா சவாரிக்குப் பகல் நேரக் கட்டணமே 90 யூரோ என்று அறிந்து அதிர்ந்தவர், பாலம் இல்லாத இடத்தில் பெருங்கால்வாயைக் கடக்க ஓடும் திரகெத்தோவுக்கு இரண்டே யூரோ என்பதைக் கண்டுபிடித்தார். அதுவும் கோண்டோலாதான், அலங்காரம் மட்டும் இல்லை. மீன் சந்தைக்கு எதிரே உள்ள துறையில் ஏறி, தள்ளாடும் படகில் உள்ளூர்க்காரர்களோடு நின்றபடியே அக்கரை சேர்ந்து, மீதி 88 யூரோவைத் தாம் சம்பாதித்ததாகவே அன்று முழுவதும் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

புறப்படுவதற்கு முந்தின மாலை சான் சக்கரியாவில் இறங்குவதற்காக மறுபடியும் வாபொரெத்தோவில் ஏறினோம். இறங்கும் துறை வந்ததும் மாமா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்திருக்க மறுத்துவிட்டார். "ஏம்மா, காசு கொடுத்த நேரத்தை ஏன் விடணும்?" என்று என்னிடம் அவர் கேட்டதற்கு நியாயமான பதில் எதுவும் இல்லாததால், படகு போகிற கடைசி இடமான லீதோ வரை போனோம். அது கடலுக்கும் கடற்கழிக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல்தீவு. அங்கே கார் ஓடுகிறது, பஸ் ஓடுகிறது, சாலையைக் கடக்க இரண்டு பக்கமும் பார்க்க வேண்டியிருக்கிறது. படகுத்துறையிலிருந்து கடற்கரைக்கு நேராகப் போகும் அகலமான சாலையில், மாமா வழக்கம்போல் கதவு எண்களைப் படித்துக்கொண்டே நடந்தார். சாலைக்குப் பெயர் இருந்தது. எண்கள் சின்னதாக, வரிசையாக இருந்தன. சிறிது தூரம் போனதும் நின்றுவிட்டார். "இதுல என்னடா வேலை இருக்கு? சின்னப் பையன்கூடக் கொடுத்துட்டு வந்துடுவான்" என்று என் கணவரிடம் சொல்லிவிட்டு, கடற்கரை வரை வராமலேயே துறைக்குத் திரும்பினார்.